தீவனத் தொட்டியில் ஒரு காலியிடம்

எங்கள் கம்பெனியில் பன்முகத்தன்மைக்கு என்றே ஒரு குழு இருக்கிறது. முப்பது நாடுகளில் கிளை, புதுச்சேரியில் மட்டும் எண்ணூறு பேர். அத்தனை பேரில் கிறிஸ்துமஸ் குடில் கட்டத் தெரிந்த ஒரே ஆத்மா முதலியார்பேட்டை லினெட்டாகிய நான்தான் என்று அந்தக் குழு கண்டுபிடித்து ஏழு வருஷமாகிறது. என் உண்மையான வேலை சாஃப்ட்வேரில் பிழை கண்டுபிடிப்பது. அதைக் கண்டுபிடிக்கத்தான் அவர்களுக்கு நேரமில்லை.

டிசம்பரில் இரண்டு நாள் குடில். மார்ச்சில் மகளிர் தினப் பேச்சு. நடுவில் யார் வந்தாலும் போட்டோ. லிஃப்ட் பக்கத்தில் என் முகம் ஆளுயரத்துக்குச் சிரித்துக்கொண்டிருக்கிறது. இதற்கெல்லாம் டைம்ஷீட்டில் தனி இடம் கிடையாது. அதனால் அந்த நாட்களை 'பெஞ்ச்', அதாவது ப்ராஜெக்ட் இல்லாமல் சும்மா உட்கார்ந்திருந்தேன் என்று என் கையாலேயே பதிய வேண்டும்.

இந்த வருஷம் டீம் லீட் பதவி எனக்குத்தான் என்று நம்பியிருந்தேன். ஹரிகிருஷ்ணனுக்குக் கொடுத்தார்கள். அவனுக்கு வேலை கற்றுக்கொடுத்தவளே நான். காரணம் கேட்கப் போனேன். மேனேஜர் இராமதாஸ் சார் என் பெஞ்ச் நாட்களையெல்லாம் திரையில் காட்டிவிட்டு, ரொம்பக் கருணையோடு சொன்னார்.

"உன் நேரம் இன்னும் வரலம்மா. பொறுமையா இரு."

அடுத்த சுற்று ஏப்ரலில். அதுவரை பெரியவர்கள் கண்ணில் நல்லபடியாகப் படவேண்டுமாம். பாத்ரூமில் போய் அழுதேன். முகம் கழுவிக்கொண்டு குடிலுக்கு வைக்கோல் வாங்கப் போனேன்.

டிசம்பர் பதினெட்டு, தலைமை அலுவலகத்து ஆட்கள் வந்தார்கள். வரவேற்பறையில் குடில் தயார். மாதா, சூசையப்பர், இடையர்கள், மாடு எல்லோரும் ஆஜர். சத்திரத்தில் இடம் கிடைக்காமல் மாட்டுக்கொட்டகைக்குப் போன அந்தக் குடும்பத்தின் தலைக்கு மேல், பன்முகத்தன்மைக் குழுவின் சிந்துஜா மேடம் பேனர் கட்டியிருந்தார்: 'இங்கே எல்லோருக்கும் இடமுண்டு.'

போட்டோவுக்கு வரிசையாக நின்றபோதுதான் இராமதாஸ் சார் தீவனத் தொட்டியைக் கவனித்தார். வெறும் வைக்கோல். ஒவ்வொரு வருஷமும் அப்படித்தான் இருந்தது. யாரும் குனிந்து பார்த்ததில்லை. குழந்தை இயேசு பிறப்பது இருபத்துநாலாம் தேதி நள்ளிரவுப் பூசையில். அதற்கு முன்னால் குழந்தையின் சுரூபத்தை, அந்தச் சின்னச் சிலையை, தொட்டியில் வைக்கிற வழக்கம் எங்களுக்கு இல்லை. ஆபீசில் அன்று மாலை வீட்டுக்குக் கிளம்பும்போது வைத்துவிட்டுப் போவேன்.

குழந்தை அப்போது என் கைப்பையில் இருந்தது. இன்று ஒரு நாள் வைத்துவிடேன், போட்டோ உலகம் முழுக்கப் போகிறது என்று சிந்துஜா மேடம் காதோரம் கெஞ்சினார். இராமதாஸ் சார் சிரித்த முகத்தோடு பல்லைக் கடித்தார். எனக்கு ஏப்ரல் ஞாபகம் வந்தது. பொய் சொல்வானேன், பையின் ஜிப்பைத் திறந்தேவிட்டேன்.

பிறகு மூடினேன்.

"அவரு நேரம் இன்னும் வரல சார். பொறுமையா இருங்க."

ஹரிகிருஷ்ணன் தரையைப் பார்த்தான். சாரின் முகத்தில் சிரிப்பு மட்டும் மிச்சமிருந்தது. காலித் தொட்டியை மறைக்க வேறு வழியில்லாமல் அதன் முன்னால் அவரே முழங்காலிட்டு உட்கார்ந்தார். போட்டோ எடுத்தார்கள். பார்ப்பதற்குப் பக்திமானாகவே இருந்தார்.

ஏப்ரல் போனது போனதுதான், எனக்குத் தெரியும். ஆனாலும் அன்று மாலை டைம்ஷீட்டைத் திறந்து, எட்டு மணி நேரத்தையும் பெஞ்சில் போடாமல், பிழை கண்டுபிடித்த வேலை என்று பதிந்துவிட்டு வீட்டுக்குக் கிளம்பினேன்.