பெஞ்ச் மூன்றின் சிவப்பு

என் வேலை என்னவென்று வீட்டில் யாருக்கும் புரியவைக்க முடிந்ததில்லை. "கம்பூட்டர பாத்துகினு ஒக்காந்துனு கீறா" என்று எங்கள் ஊர் மண்ணூரில் கேட்பவர்களுக்கெல்லாம் அம்மா சொல்லிவைத்திருக்கிறாள். அதுவும் பொய்யில்லை. ஒரகடத்தில் கார் கதவுக்குப் பூட்டு செய்யும் கம்பெனி எங்களுடையது. ஷெட் முழுக்க நாற்பத்தொரு கம்ப்யூட்டர். ஒவ்வொன்றிலும் எல்லோரும் ஃபைலைப் போடவும் எடுக்கவும் ஒரு பொது ஃபோல்டர். நாற்பத்தொரு ஃபோல்டரும் திறக்கிறதா என்று ஒரு புரோகிராம் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை தட்டிப் பார்க்கும். திறந்தால் என் திரையில் பச்சை, திறக்காவிட்டால் சிவப்பு. சிவப்பு வந்தால் நான் அந்த இடத்துக்கு போன் போட வேண்டும். எடுக்கவில்லையென்றால் நேரில் போக வேண்டும். சரியான பிறகு "பார்த்தாச்சு" என்ற பட்டனை அழுத்த வேண்டும். அழுத்தினால் பக்கத்தில் என் பெயர் விழும்.

இது எழுத்தில் இருப்பது. நடப்பது வேறு. மதியம் இரண்டரைக்கு முதல் ஷிப்ட் முடியும். கம்பெனி பஸ் இரண்டு ஐம்பதுக்குக் கிளம்பிவிடும், யாருக்காகவும் நிற்காது. அதனால் போகிறவர்கள் கம்ப்யூட்டரைப் பட்டென்று அணைத்துவிட்டு ஓடுவார்கள். வருகிறவர்கள் மெதுவாக வந்து போடுவார்கள். அந்த அரைமணி நேரம் என் திரையில் அம்மை போட்டதுபோல் சிவப்பு. பதினைந்து, இருபது என்று வரும், தானாகவே பச்சையாகிவிடும். எவள் உட்கார்ந்து இருபது இடத்துக்கு போன் போடுவாள்? எல்லாவற்றையும் மொத்தமாகத் தேர்ந்தெடுத்து "பார்த்தாச்சு" அடித்துவிட்டு டீ குடிக்கப் போய்விடுவேன். எனக்கு முன்னால் இந்த நாற்காலியில் இருந்தவரும் அப்படித்தான் செய்தார்.

போன திங்கட்கிழமை கேன்டீனில் கைகழுவப் போனேன். குழாயடியில் சசிரேகா நின்று அழுதுகொண்டிருந்தாள். வல்லக்கோட்டைப் பெண். மூன்று வருடமாக டிரெயினி, பூட்டைச் சோதிக்கிற பெஞ்ச் மூன்றில் வேலை. ஒரு மாதமாக இரண்டாம் ஷிப்ட்.

"இன்னாடி, யாரு இன்னா சொன்னாங்க?"

"நான் டெஸ்ட் பண்ணாமலே பூட்ட தள்ளி வுட்டேனாம்க்கா. எரநூத்தி பதிமூணு பூட்டுக்கு ரிசல்ட்டே இல்லியாம். புதன்கெழம என்கொயரி. கேட் பாஸ குடுத்துட்டு போவ ரெடியா இருன்னுட்டாரு புருஷோத்தமன் சாரு."

புருஷோத்தமன் சார் குவாலிட்டி மேனேஜர். சொன்னால் சொன்னதுதான்.

"நெசமா சொல்லு. பண்ணியா, இல்லியா?"

"முருகன் மேல சத்தியமா ஒவ்வொண்ணும் பண்ணேன்க்கா. பர்மனென்ட் லிஸ்ட் வர்ற நேரத்துல எவளாவது வேலைல ஏமாத்துவாளா?"

கேன்டீனில் தின்ற தோசைக் கணக்கில்கூடப் பொய் சொல்லத் தெரியாதவள் அவள். எனக்குச் சுர்ரென்று ஏறியது. மூன்று வருட உழைப்பை ஒரே வார்த்தையில் துடைத்துவிடுவார்களா?

"கண்ண தொட. ரிசல்ட் எங்க போச்சுன்னு நான் பாக்கறேன். அது என் ஏரியா" என்றேன். பெரிய வீராப்பு!

மேலே வந்து பழைய பதிவுகளைத் திறந்தேன். பெஞ்ச் மூன்றில் இருக்கும் மிஷின் பூட்டைத் திறந்து மூடிப் பார்த்துவிட்டு, ரிசல்ட்டைக் குவாலிட்டி கம்ப்யூட்டரில் உள்ள பொது ஃபோல்டரில் எழுதும். அந்த ஃபோல்டர் கிடைக்காவிட்டால் மிஷின் நிற்காது, கத்தாது, சமர்த்தாக அடுத்த பூட்டை வாங்கிக்கொள்ளும். ரிசல்ட் காற்றோடு போய்விடும். இப்படி ஒரு மிஷினைச் செய்த புண்ணியவான் என் கையில் கிடைத்தால் நாலு கேள்வி கேட்பேன்.

ரிசல்ட் காணாமல்போன தேதிகள் மூன்று. மூன்றும் செவ்வாய்க்கிழமை. மூன்றிலும் இரண்டு நாற்பதிலிருந்து மூன்று பத்து வரை பெஞ்ச் மூன்றின் கம்ப்யூட்டர் சிவப்பு. நேராக மேனேஜரிடம் ஓடவேண்டும் என்று எழுந்தேவிட்டேன். அப்போதுதான் பக்கத்துக் கட்டம் கண்ணில் பட்டது. பார்த்தாச்சு, கலைமதி. பார்த்தாச்சு, கலைமதி. பார்த்தாச்சு, கலைமதி.

முதல் செவ்வாயே நான் எழுந்து போய்ப் பார்த்திருந்தால் அவள் குழாயடியில் நின்றிருக்க மாட்டாள். நான் டீ குடித்துக்கொண்டிருந்தேன்.

ஆனால் செவ்வாய்க்கிழமை மட்டும் ஏன்? மறுநாள் செவ்வாய். கண்ணால் பார்க்காமல் நகர்வதில்லை என்று முடிவு செய்தேன்.

மறுநாள் இரண்டரைக்கே இறங்கிப் போய் பெஞ்ச் மூன்றுக்கு எதிரில் நின்றுகொண்டேன். சசிரேகா வந்தாள், தொப்பி மாட்டினாள், கையுறை போட்டாள். பெஞ்சுக்குப் பக்கத்துத் தூணில் வல்லக்கோட்டை முருகன் படம் ஒன்று உண்டு. அதன்முன் நின்று கண்ணை மூடினாள். பிறகு குனிந்து, பிளக் போர்டிலிருந்து ஒரு பிளக்கைப் பிடுங்கி, படத்துக்கு முன்னால் இருந்த சின்ன கரண்ட் விளக்கின் பிளக்கைச் செருகினாள். முருகன் முகத்தில் சிவப்பு வெளிச்சம் விழுந்தது.

"அடிப்பாவி! அதப் போய் புடுங்கறியே!"

அவள் வெலவெலத்துப்போனாள். "இன்னாக்கா? மிஷின் பிளக்க நான் தொடலியே. அந்த டப்பா சும்மாதான மினுக்கினு இருந்திச்சு?"

அந்தச் சும்மா மினுக்கும் டப்பாதான் மிஷினையும் குவாலிட்டி கம்ப்யூட்டரையும் சேர்க்கிற நெட்வொர்க் டப்பா. அதற்குக் கரண்ட் போனால் ஃபோல்டரும் போயிற்று. பிளக்கைப் பழையபடி மாட்டிக்கொண்டே அவளுக்குச் சொன்னேன். அவள் அப்படியே ஒரு பிளாஸ்டிக் டிரேமேல் உட்கார்ந்துவிட்டாள்.

"லிஸ்ட்ல பேரு வரணும்னு வேண்டிகினு மூணு வாரமா செவ்வாக்கெழம அரமணி நேரம் வெளக்கு போட்றேன்க்கா. ஷெட்டுக்குள்ள கற்பூரம் கொளுத்த வுட மாட்டாங்க, அதான் கரண்டு வெளக்கு."

சிரிப்பதா அழுவதா தெரியவில்லை. எந்த வேலைக்காக வேண்டிக்கொண்டாளோ அந்த வேலைக்கே தன் கையால் உலை வைத்திருக்கிறாள். பாவி மகள்!

"வெளிய சொல்லாதக்கா. புடுங்குனது நான்னு தெரிஞ்சா அதுக்கே தூக்கிடுவாங்க."

"சொல்லலன்னா டெஸ்ட் பண்ணாதவன்னு தூக்குவாங்க. ஏமாத்துக்காரின்ற பட்டத்தோட போறியா, தெரியாம பண்ணிட்டேன்னு சொல்லி நிக்கறியா?"

அவள் எழுந்து, கையுறையைச் சரிசெய்துகொண்டு பெஞ்சுக்குத் திரும்பினாள். நான் மெயின்டனன்ஸ் தாவீது அண்ணனைத் தேடிப் போனேன். மிஷினின் பக்கவாட்டில், அது எத்தனை முறை அழுத்தியது என்று காட்டும் மீட்டர் இருக்கிறது. எண்ணெய் போடுவதற்காக அதை ஷிப்டுக்கு ஒருமுறை தாவீது அண்ணன் நோட்டில் குறித்துவைப்பார். அந்த நோட்டை வேறு யாரும் சீந்தியதில்லை. மூன்று செவ்வாயும் பார்த்தேன். லைனில் போன பூட்டு எத்தனையோ மீட்டரும் அத்தனை. ஒன்றுகூடக் குறையவில்லை. "அண்ணா, நீங்க நல்லா இருக்கணும்" என்று அவர் கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டேன். அவருக்கு ஒன்றும் விளங்கவில்லை.

சாயங்காலம் எங்கள் ஐ.டி. தலைவர் நெல்லையப்பன் சாரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். திருநெல்வேலிக்காரர், நல்ல மனுஷன். என் காண்ட்ராக்டை இரண்டு முறை நீட்டிக்கச் சொல்லி எழுதிக்கொடுத்தவர். பதிவுகளைப் பார்த்துவிட்டுக் கதவைச் சாத்தினார்.

"நேரத்த மட்டும் பிரிண்ட் போடு. பேரு இருக்குத கட்டத்த மறைச்சிரு."

"எதுக்கு சார்?"

"ஒனக்கு அடுத்த மாசம் காண்ட்ராக்ட் முடியுது. இந்தப் பேர அவரு பாத்தாருன்னா நீ வீட்டுக்குத்தான் போவணும். மீட்டரு இருக்கு, அந்தப் பிள்ள டெஸ்ட் பண்ணிருக்கான்னு தெரிஞ்சிரும். நீ எதுக்கு நடுவுல போய் விழுத?"

என் நல்லதுக்குத்தான் சொன்னார். ஒரு நிமிடம் எனக்கும் ஆசையாகத்தான் இருந்தது. வீட்டில் என் சம்பளத்தை நம்பி மூன்று பேர் இருக்கிறார்கள்.

"இல்ல சார். பேர மறைச்சா, செவப்பு வந்தும் பாக்காம வுட்டது மறைஞ்சிடும். ரிசல்ட் போனதுக்கு மொத்தப் பழியும் அவ தலைல வுழும். சிஸ்டம் கரெக்டா சொல்லிச்சு சார். நான்தான் பாக்கல."

"யோசிச்சிக்கோ" என்றார்.

"யோசிச்சிட்டேன் சார்."

புதன் காலை பத்து மணிக்கு என்கொயரி. மேஜைக்கு அந்தப் பக்கம் புருஷோத்தமன் சார், ஹெச்.ஆரிலிருந்து ஒருவர். இந்தப் பக்கம் சசிரேகா, கழுத்தில் போட வேண்டிய கேட் பாஸைக் கையில் சுருட்டிப் பிடித்திருந்தாள். நான் தாவீது அண்ணனின் நோட்டையும், மூன்று செவ்வாயின் பதிவைப் பெயரோடு பிரிண்ட் எடுத்த மூன்று தாளையும் வைத்தேன். நெல்லையப்பன் சார் ஓரத்தில் உட்கார்ந்து ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

புருஷோத்தமன் சார் நோட்டை இரண்டு முறை பார்த்தார். "டெஸ்ட் நடந்திருக்கு. ஓகே. அப்ப நெட்வொர்க்க கட் பண்ணது யாரு?"

நான் வாயைத் திறப்பதற்குள் சசிரேகா எழுந்துவிட்டாள்.

"நான்தான் சார். சாமி வெளக்குக்கு பிளக்க புடுங்கினேன். அது இன்னா டப்பான்னு எனக்கு தெரியாது சார். தப்புதான்."

அவள் தலை குனியவில்லை. இந்தப் பெண்ணுக்கா நான் தைரியம் சொன்னேன் என்று இருந்தது.

அவர் தாளுக்குத் திரும்பினார். "டப்பா மேல ஒரு ஸ்டிக்கர்கூட ஒட்டலியா உங்க டிபார்ட்மென்ட்ல? சரி, ரெட் வந்திருக்கு. மூணு வாட்டியும் யாரோ 'பார்த்தாச்சு' போட்டிருக்காங்க. பாத்திருந்தா மொத நாளே தெரிஞ்சிருக்குமே. யார் இந்தக் கலைமதி?"

அவருக்கு என்னைத் தெரியும். தினமும் என் வணக்கத்தை வாங்கிக்கொள்கிறவர், என் வாயாலேயே வரட்டும் என்று கேட்டார்.

"நான்தான் சார். பாக்காமலே அடிச்சேன்."

"மூணு வாட்டியும்?"

"மூணு வாட்டியும் சார்."

"இதே மாதிரி வேற எத்தன?"

நெல்லையப்பன் சார் என் பக்கம் திரும்பி, வேண்டாம் என்பதுபோல் மெல்லத் தலையை ஆட்டினார். காலையிலேயே வந்து நான் எண்ணிவைத்திருந்தேன்.

"இந்த ஒரு வருஷத்துல நாலாயிரத்து அறுநூத்தி பன்னெண்டு சார்."

ஹெச்.ஆர்.காரர் எழுதிக்கொண்டிருந்த பேனாவை நிறுத்தினார். நான் மேஜையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். வேலை போனால் போகட்டும், ஆனால் எண்ணைக் குறைத்துச் சொல்லவில்லை.

புருஷோத்தமன் சார் நோட்டை மூடி வைத்தார். பிறகு சசிரேகாவிடம், "அந்த எரநூத்தி பதிமூணும் குடோன்லதான் கிடக்கு. நீயே எல்லாத்தையும் திரும்ப டெஸ்ட் பண்ணு. கேட் பாஸ மாட்டிக்கோ" என்றார். அவளுக்கு உடனே புரியவில்லை. "போ, லைனுக்குப் போ" என்று அவர் மறுபடி சொன்ன பிறகுதான் கழுத்தில் மாட்டிக்கொண்டாள். போகும்போது என் தோளை ஒருமுறை இறுக்கிப் பிடித்துவிட்டுப் போனாள்.

நான் அங்கேயே நின்றேன். என் முறைக்குக் காத்திருந்தேன்.

"உனக்கு மெமோ வரும். காண்ட்ராக்ட் விஷயம் அப்புறம் பாக்கலாம்" என்றார். பிறகு பக்கத்து நாற்காலியைக் காலால் என் பக்கம் தள்ளிவிட்டு, தன் லேப்டாப்பைத் திறந்து என் முன்னால் நகர்த்தினார். "உக்காரு. நாலாயிரத்து அறுநூத்தி பன்னெண்டு. மொத ரெட்லேர்ந்து காட்டு."

உட்கார்ந்தேன். முதல் சிவப்பைத் திறந்தேன்.