அமர்ந்த நிலையில் காணப்பட்டார்

1

காலையில் எழுகிறேன். பல் துலக்குகிறேன். குளிக்கிறேன். அரிசி களைந்து குக்கரில் வைக்கிறேன். சட்டையைத் தேய்க்கிறேன். சுவா சூ காங்கில் ரயில் ஏறுகிறேன். உட்கார இடம் கிடைத்தால் கைப்பேசியில் ஒரு வரியைப் படிக்கிறேன்: 'நோயாளி கட்டிலருகே தரையில் அமர்ந்த நிலையில் காணப்பட்டார்.'

நோயாளி என் மனைவி மேனுகா. நான் துவாரகன். அந்த வரியைத் திருத்தத்தான் இந்தக் கதை.

2

தொடக்கங்கள்.

சிராங்கூன் சாலையில் அன்று மழை

(மழை இல்லை. அவள் இருந்தது ஆங் மோ கியோவில் ஒரு பராமரிப்பு இல்லத்தில். சிங்கப்பூர்க் கதை என்றால் தமிழர் கூடும் தேக்காவில்தான் தொடங்க வேண்டுமா?)

பக்கவாதம் வந்தபோது மேனுகாவுக்கு முப்பத்தொன்று

(இது உண்மை. வலது கால் போயிற்று. பேச்சு மெதுவானது. புத்தி தெளிவாகவே இருந்தது. இரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிட்டாள். தலையில் அடிபட்டால் ஆபத்து. இல்லத்தில் எல்லோருக்கும் தெரியும்.)

அதிகாலையில் கழிப்பறைக்குப் போக எழுந்து, கட்டில் கம்பியைப் பிடித்து, அவள்

இதை முடிக்க முடியவில்லை. நான் பார்க்கவில்லை. யாருமே பார்க்கவில்லை. ஆனால் இல்லத்தார் தங்கள் பதிவில் கூசாமல் எழுதினார்கள். நான் கதைக்காரன், எனக்குக் கூசுகிறது.

3

இல்லத்தின் முறை இதுதான். 'விழுந்தார்' என்று எழுதினால் டாக்டரை அழைக்க வேண்டும், தலையைச் சோதிக்க வேண்டும். யாரும் விழாத வார்டுகளுக்கு மின்தூக்கிக்கு எதிரே உள்ள பலகையில் ஒட்டும் சிரித்த முகப் படத்தை எடுத்துவிடுவார்கள். 'அமர்ந்த நிலையில்' என்றால் ஒன்றும் வேண்டாம். தூக்கிக் கட்டிலில் போட்டால் போதும்.

4

தாதி மரியம்மாளை முதல் வரைவில் கெட்டவளாக எழுதினேன். கிழித்துவிட்டேன். மேனுகாவுக்குத் தினமும் தலை வாரிவிட்டவர் அவர். அன்று காலை அவரிடம்தான் போனேன்.

"சிஸ்டர், விழுந்துட்டேன்னு சொல்றாளே?"

"யாரும் பாக்கலையே தம்பி. கீழ உக்காந்திருந்தாங்க."

"அவ அங்கதானே இருந்தா!"

"பேஷன்ட் சொல்றதை எழுத முடியாது லா. குழம்பியிருப்பாங்க."

"அப்ப விடியக்காலைல தரையில என்ன, பிக்னிக்கா? டாக்டரைக் கூப்பிடுங்க."

"விழலைன்னா எதுக்கு டாக்டர்? என்கிட்ட கத்தாதீங்க தம்பி. மேனேஜர் அப்படித்தான் எழுதச் சொல்றாங்க."

(நீ ஏன் ஆம்புலன்ஸை அழைக்கவில்லை என்பீர்கள். அழைத்தேன். ஆனால் அதற்குள் அவள் நினைவிழந்திருந்தாள். தலைக்குள் இரத்தம் கசிந்திருந்தது. மறுநாள் இறந்தாள்.)

அந்த மாதம் அந்த வார்டில் ஒருவரும் விழவில்லையாம். கேக் வெட்டினார்கள். மேனுகாவின் சாமான்களை எடுக்கப் போனபோது கேக் வெட்டிய படத்தைச் சுவரில் பார்த்தேன். மரியம்மாள் ஓரத்தில் நிற்கிறார். சிரிக்கவில்லை. அதனால் எனக்கு என்ன?

5

முடிவு அ: இல்லம் வரியைத் திருத்துகிறது. (கேட்டுப் பார்த்தேன். 'எங்கள் பதிவு சரியானது' என்றார்கள்.)

முடிவு ஆ: மரியம்மாள் நடந்ததை எழுதிக் கொடுக்கிறார். (அவருக்கு அந்த வேலை வேண்டும்.)

முடிவு இ: உங்களுடையது. உங்கள் அம்மாவும் அப்படியொரு கட்டிலில் இருக்கலாம். நீங்களே எழுதுங்கள். பார்க்காததைச் சேர்க்காதீர்கள், அவ்வளவுதான்.

நான் காதால் கேட்டதை மட்டும் தருகிறேன். மரியம்மாளின் பதிலைத் திரும்பி வந்து மேனுகாவிடம் சொன்னேன். அவள் சுவரைப் பார்த்தபடி, ஒவ்வொரு சொல்லாகச் சொன்னாள்:

"உக்காரத் தெரியாதா எனக்கு? விழுந்தேன், துவா. எழுதிக்கச் சொல்லு."