பெரியவரின் முன்னங்கால்

சோப்பு நுரை முழங்கைவரை வழிந்தும் அந்த வளையல் இறங்க மறுத்தது. தங்கையின் வலக்கையை மடிமீது கிடத்தி, ரப்பர் பட்டைக்கும் தோலுக்கும் இடையே விரலை நுழைத்து, அண்ணன் மீண்டும் இழுத்தார். விறைத்த உள்ளங்கை மடங்கிக்கொடுக்கவில்லை. கொக்கியில்லாத ஊதாப் பட்டை அது. அதன் துளைகளில் பதித்த பொம்மைத் துண்டுகளாய் ஒரு மீன், ஒரு பிறை, யாரோ கடித்துவிட்டுப் போன ஓர் ஆப்பிள், பல்லெல்லாம் தெரியச் சிரிக்கும் ஒரு சூரியன். தலை நரைத்த ஒருத்தி உயிர் நீங்கிக் கிடக்க, அவள் கையில் இருந்துகொண்டு சூரியன் இளித்தது.

"விட்டுடுங்களேன்," என்றாள் அவர் மனைவி, வாளியோடு நின்றபடி. "உசுரோட இருந்தப்பதான் அவளைச் சும்மா விடல."

"எங்க பெரிய ஆபீசரே நேர்ல வராரு. இந்தக் கருமத்தைக் கையில மாட்டிக்கிட்டுப் படுத்திருந்தா என்ன நினைப்பாரு?"

"படுத்திருக்கிறவ அவ. அந்தக் கருமம் உங்களை என்ன பண்ணுச்சு?"

அவர் மறுபடி சோப்பைத் தேய்த்தார். எடையளவு ஆய்வாளராக இருந்து ஓய்வுபெற்றவர். அவர் முத்திரை விழாத தராசு அவ்வூர்க் கடைவீதியில் தலைதூக்கியதில்லை. படி குறைந்தால் அபராதம், முள் நடுங்கினால் பறிமுதல். அத்தகையவர் வீட்டின் பின்னறையில், அவர் சோற்றை உண்டு, அவர் தங்கையே பொம்மை வளையல் செய்துகொண்டிருந்தாள். பட்டை வேறு, பதிக்கும் துண்டுகள் வேறு. வேண்டுவோர் வேண்டுவதைச் சொல்ல, அவள் துளைக்கு ஒன்றாக அழுத்திப் பதித்துக் கொடுப்பாள். அது போகட்டும், பிழைக்க ஆயிரம் வழி. பதித்த வளையலை அவள் அளவு பார்த்த முறையைத்தான் அவரால் செரித்துக்கொள்ள முடியவில்லை. பொம்மைகளுக்கு உரியதை முயலின் காதில் மாட்டுவாள். நடை பழகும் குழந்தைகளுக்கு உரியதைப் பூனையின் காலில். வளர்ந்தும் வளராதவர்களுக்கு உரியது, அவள் 'பெரியவர்' என்று அழைத்துவந்த கிழட்டு நாயின் முன்னங்காலுக்குப் போகும். ஒரு பகற்பொழுது விலங்கு அதை உதறாமல் வைத்திருந்தால்தான் வளையல் வீட்டைவிட்டு வெளியேறும்.

"கொழந்தைங்க பொய் சொல்லும்ணா," என்பாள். "இறுக்கிப் புடிச்சாலும் அழகா இருக்குன்னு போட்டுக்கும். பூனைக்கு அந்த மரியாதையெல்லாம் தெரியாது. புடிக்கலன்னா உதறிட்டுப் போயிடும்."

"பூனையை அளவுகோலா வச்சுப் பொழப்பு நடத்துற கடை உலகத்துலயே இது ஒண்ணுதான். நான் மட்டும் வேலையில இருந்திருந்தா உன் பூனையைத்தான் மொதல்ல பறிமுதல் பண்ணியிருப்பேன்."

"சரி, நீங்களாவது கையைக் காட்டுங்க. உங்களுக்கு ஒண்ணு செஞ்சு தரேன்."

"நான் என்ன பூனையா?"

இவ்வுரையாடல் ஏறக்குறைய வாரந்தோறும் சொல் மாறாமல் நடந்துவந்தது. நேற்று மாலை மேசைமீது தலை சாய்த்தவள் எழவில்லை. இதயம் என்று ஒற்றைச் சொல்லில் முடித்துவிட்டுப் போனார் மருத்துவர். அந்த வடிவத்திலும் அவள் பெட்டியில் சிவப்புத் துண்டுகள் நிறையக் கிடந்தன.

ஒன்பது மணிக்கெல்லாம் ஆட்கள் வரத் தொடங்கினர். அண்ணன் எதிர்பார்த்தது வெள்ளைச் சட்டைகளையும் தாழ்ந்த குரல்களையும். வந்தவையோ வேறு. தையற்காரி தன் நாய்க்குட்டியை இடுப்பில் இடுக்கிக்கொண்டு வந்தாள். பேருந்து நடத்துநர் கூண்டோடு கிளியைச் சுமந்து வந்தார். பள்ளி ஆசிரியை ஒருத்தி கூடையைத் திறக்க, அதிலிருந்து மஞ்சள் பூனையொன்று சோம்பல் முறித்து இறங்கிற்று. காலில், கழுத்தில், கூண்டின் கம்பியில் என்று எங்கும் வளையல்கள். இறந்தவளுக்கு மரியாதை செலுத்த வந்த இக்கூட்டத்தில் இரண்டு கால்களைவிட நான்கு கால்களே மிகுந்திருந்தன.

"இது எழவு வீடா, மிருகக்காட்சி சாலையா?" என்று அவர் தையற்காரியை மறித்தார்.

"அவங்க கையால போட்டதுங்க. கடைசியா ஒரு தடவை பாக்கணும்ல?"

"யாரு பாக்கணும்?"

"இதுதாங்க," என்று நாய்க்குட்டியைத் தூக்கிக் காட்டினாள் தையற்காரி. அது அவர் சட்டைப் பொத்தானை நக்கப் பார்த்தது.

முற்றிய மடமையோடு வழக்காடுவது அறிவுடையோர்க்கு அழகன்று என்று அவர் விலகிக்கொண்டார்.

கட்டிலின் கீழே பெரியவர் கிடந்தார். அருகில் எவர் வந்தாலும் மோந்து பார்ப்பார், உறுமுவார், பிறகு முகத்தைத் திருப்பிக்கொள்வார். கால்நடை மருத்துவர், பருத்த மனிதர், தரையில் முழங்காலிட்டு அவர் கண்ணிமையை விலக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார். "நேத்துலேர்ந்து தண்ணிகூடக் குடிக்கலையாம்," என்று பொதுவாகச் சொன்னார்.

அமரர் வண்டி வரும் நேரத்தை அறிய அண்ணன் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். வார்ப்பூட்டின் இடுக்கில் வழக்கம்போல் ஒரு முடி. பழுப்பும் வெள்ளையுமாகத் தடித்த முடி. நகத்தால் கிள்ளி எடுத்து வெறுப்போடு ஊதினார்.

"எப்பப் பாத்தாலும் இதே கூத்து. எங்கேருந்துதான் வருதோ! இந்த வீட்டுல கடிகாரத்துக்குக்கூட முடி முளைக்குது."

மருத்துவர் அண்ணனின் மனைவியைப் பார்த்தார். மனைவி வாளியைப் பார்த்தாள்.

"சார், அது பெரியவர் முடி," என்றார் மருத்துவர்.

"நாயோட முடி என் வாட்ச்சுல எப்படி வரும்?"

"நீங்க குளிக்கப் போவீங்கல்ல, அப்ப அதை எடுத்து இவரு கால்ல கட்டிப் பாப்பாங்க. உங்க வார்ல ஒரு துளை மட்டும் தேஞ்சு நீண்டிருக்கும், பாருங்க, அந்தத் துளையில மாட்டி. உங்க கையும் இவரு காலும் ஒரே சுத்தளவாம். 'அண்ணன் கையைத் தர மாட்டாரு டாக்டர், அதான் பெரியவர்கிட்ட கடன் வாங்கிட்டேன்'னு சொல்லிச் சிரிப்பாங்க. இவரு வயசாகி இளைச்சுட்டாரா, நீங்க இன்னும் அதே துளையிலதான் இருக்கீங்களான்னு அப்பப்பச் சரிபாக்கணும்ல?"

அண்ணன் மனைவியின் பக்கம் திரும்பினார். "உனக்குத் தெரியுமா?"

"உங்களைத் தவிர எல்லாருக்கும் தெரியும். முயலுக்குக்கூட."

ஊரார் அளவைக்கெல்லாம் முத்திரையிட்டவரின் மணிக்கட்டு, அவர் ஒப்புதலின்றி, அவர் கூரையின் கீழேயே, ஒரு நாயின் காலில் படியெடுக்கப்பட்டிருக்கிறது. சட்டப்படி இது குற்றமாகுமா என்று அவர் மனம் பிரிவுகளைத் தேடியது. கண் மட்டும் கட்டிலின் கீழே போயிற்று. பெரியவரின் இடமுன்னங்காலில் சாம்பல் நிறத்தில் ஒரு பட்டை. இத்தனை காலமும் அதை ஏதோ புண்ணுக்குப் போட்ட கட்டு என்றே எண்ணியிருந்தார். அதில் மீனில்லை, பிறையில்லை. துளைகள் மட்டும் வரிசையாக வெறுமையாயிருந்தன.

"இதுல ஏன் ஒண்ணும் பதிக்கல?"

"எதைப் பதிச்சாலும் குத்தம் கண்டுபுடிப்பீங்க," என்றாள் மனைவி. "நீங்களா ஒரு நாள் கேப்பீங்கன்னு காலியா விட்டு வச்சிருந்தா."

வாசலில் கார்க் கதவு சாத்தும் ஓசை கேட்டது. அவருடைய பழைய மேலதிகாரி வந்துவிட்டார். மூக்கருகே கைக்குட்டை, கையில் மாலை, விலங்குகளைத் தாண்டிவரும் ஒவ்வோர் அடியிலும் கால்சட்டையின் மீது கவலை. மாலையை வைத்துவிட்டுக் குனிந்தவரின் பார்வை, சோப்பு காய்ந்து வெளுத்த அந்தக் கையில் நின்றது. இளிக்கும் சூரியனை அவரும் கண்டார். கூட்டத்தை ஒருமுறை நோட்டமிட்டார். பிறகு அண்ணனின் தோளில் கைபோட்டு ஓரமாக அழைத்துப்போய்க் குரலைத் தாழ்த்தினார்.

"என்னய்யா இது? தங்கச்சிக்குக் கொஞ்சம்..." என்று நெற்றிப் பொட்டருகே விரலைச் சுழற்றினார். "முன்னாடியே சொல்லியிருந்தா நமக்குத் தெரிஞ்ச டாக்டர்கிட்ட காட்டியிருக்கலாமே."

அந்தச் சைகை அண்ணனுக்குப் புதிதன்று. விருந்தினர் வரும்போதெல்லாம், பின்னறைக் கதவைச் சாத்திவிட்டு, தங்கையைப் பற்றிய விளக்கமாக அவரே கையாண்டு வந்ததுதான். பிறர் விரலில் அது சுழலக் கண்டது இதுவே முதல்முறை. அந்த விரல் தடித்து, மோதிரம் பிதுங்கி, நகத்தோரம் மஞ்சளித்திருந்தது.

பிறகு தோளிலிருந்த கையை விலக்கிவிட்டுக் கட்டிலருகே போய் உட்கார்ந்தார். தங்கையின் கையை எடுத்தார். பட்டைக்குள் விரல்நுனியை விட்டு ஒரு சுற்றுச் சுற்றினார். கடைத்தராசின் தட்டைத் தட்டிப் பார்க்கும் அதே கவனம்.

"அளவு சரியா இருக்கு சார்."

"என்னய்யா சொல்றே?"

"இறுக்கமும் இல்ல, தொளதொளப்பும் இல்ல. சரியான அளவு. நீங்க ஒருதடவை தொட்டுப் பாக்குறீங்களா?"

மேலதிகாரி பார்க்கவில்லை. அவசர வேலை இருப்பது அவருக்கு நினைவு வந்துவிட்டது. நாய்க்குட்டி வாசல்வரை போய் அவரை வழியனுப்பிவிட்டு வந்தது.

அண்ணன் ஈரத்துணியால் மீனின் செதிலிலும் சூரியனின் பல்லிடுக்கிலும் ஒட்டியிருந்த சோப்பைத் துடைத்தார். வண்டிக்காரன் உள்ளே எட்டிப் பார்த்து, "கையில ஏதோ இருக்குதே, கழட்டணுமா?" என்று கேட்டான்.

"அது இருக்கும். நீ தூக்குற வேலையைப் பாரு."

எல்லாம் முடித்து வீடு திரும்பியபோது வெயில் தாழ்ந்திருந்தது. குளித்துவிட்டு வந்தவர் கூடத்து மேசைமேல் கழற்றி வைத்த கடிகாரத்தைத் தேடிப் பின்னறைக்குப் போனார். அங்கே தான் வைக்கவில்லை என்பது அவருக்குத் தெரியும். ஆயினும் போனார். தங்கையின் நாற்காலியில் அமர்ந்து, அறையறையாகத் தடுத்த பெட்டியைத் திறந்தார். முயல் ஒரு மூலையில் எதையோ மென்றுகொண்டிருந்தது.

பெரியவர் மெல்ல நடந்து வந்தார். அண்ணனின் காலடியில் நின்று மோந்தார், உறுமினார். பிறகு, பழகிய வேலைக்கு வந்தவர்போல் இடமுன்னங்காலைத் தூக்கி அவர் முழங்கால்மீது வைத்தார்.

சாம்பல் பட்டையை உருவி எடுத்து அண்ணன் வெளிச்சத்தில் பிடித்தார். துளைகளின் இடைவெளியைக் கண்ணால் அளந்தார். குற்றம் இல்லை. பெட்டியிலிருந்து ஒரு நட்சத்திரத்தை எடுத்தார். ஒரு முனை மழுங்கியிருந்தது, ஒதுக்கினார். படகுக்குப் பாய்மரம் கோணல். ஆந்தைக்குக் கண்கள் சமமாக இல்லை. யானை, யானையாகவே இல்லை.

"சாப்பிட வாங்க," என்று மனைவி அழைத்தாள்.

"இரு, வரேன். ஒண்ணுகூட உருப்படியா இல்ல இதுல."

ஒதுக்கியவை மேசையோரம் குவிந்தன. அவர் பெட்டியில் அடுத்த அறையின் மூடியைத் திறந்தார். பெரியவர் காலை எடுக்கவில்லை.