திறக்கும்போது வரும் வெள்ளை

…அதென்ன பெரிய கெட்டித்தனம், ஒருமுறை எழுதினால் ஐபோனிலும் ஓடும் ஆண்ட்ராய்டிலும் ஓடுமாம், இதற்கே அலுவலகத்தில் எல்லாரும் கை தட்டினார்கள், இரண்டுக்கும் தனித்தனியாக எழுதி அவன் முதுகு முறிந்தபோது எங்கே போயின அந்தக் கைகள்… பூம்ப்ளிஸில் ரயில் ஏறியதிலிருந்து மதிவதனனுக்கு இதே நினைப்பு. வீடு வீடாகப் போய் முதியோரைப் பராமரிக்கிறவர்கள் வேலை விவரம் பார்க்கிற செயலி அது, அவன் வளர்த்த செயலி, அதற்குள் போன வருஷம் வேலைக்கு வந்த சாருஜா, அந்த ஒருமுறை எழுதுகிற முறையில் செய்த தன் புதுத் திரைகளைக் கொண்டுவந்து பதித்திருக்கிறாள், வாடகைக்கு வந்தவள் நடு அறையில் கட்டில் போட்ட மாதிரி. பொறாமையோ? ஓம், பொறாமைதான், அதற்கென்ன இப்போது? அண்ணை, என்ர திரை முதல்தரம் திறக்கேக்க வெள்ளையா நிக்குது, செயலி தொடங்கேக்கயே உங்கட பக்கத்தில என்ர திரையளை ஓட்டுற எஞ்சினை எழுப்பி வச்சால் சரி, என்று கேட்டாள். பாக்கிறன் என்றான். திரும்பவும் கேட்டாள், திரும்பவும் பாக்கிறன். சின்ன மாற்றம்தான், தேநீர் ஆறுவதற்குள் முடிந்துவிடும். நிற்கட்டுமே, இன்று மத்தியானம் செயலியைக் காட்டும்போது வாடிக்கையாளர் முன்னால் வெள்ளையாக நிற்கட்டும், அப்போது யார் கை தட்டுகிறார்கள் பார்ப்போம்…

ஐரோப்பாபிளாட்ஸில் சந்திரமதி அக்கா ஏறினார், கோயில் பழக்கம், பராமரிப்பு வேலை, செயலியின் சோதனைப் பதிப்பு அவர் கைப்பேசியிலும் இருக்கிறது. எதிரே உட்கார்ந்ததும் அதைத்தான் எடுத்தார்.

"தம்பி, இந்தப் புதுப் பக்கம் நல்ல வடிவு. நீங்களோ செய்தனீங்கள்?"

"ஓம் அக்கா."

எப்படி விழுந்தது அந்த ஓம், சாருஜாவின் பெயர் நாக்கு நுனிவரை வந்து திரும்பிப் போய்விட்டதே… கெட்டிக்காரன் என்று அக்கா தலையாட்டியது இதமாகத்தான் இருந்தது, வெட்கங்கெட்ட மனது, அதை வாங்கி வைத்துக்கொண்டது. பிறகு அக்கா குரலைத் தாழ்த்தினார்.

"ஆனால் என்ர பழைய போனில திறக்கேக்க வெள்ளையா நிக்குது. கதவைத் திறந்த ஆச்சி என்ர முகத்தைப் பாக்கிறா, என்ன மருந்து எண்டு எனக்குத் தெரியேல்ல. வெக்கமாக் கிடக்கு தம்பி. அது ஆரின்ர பிழை?"

அது அந்தப் பிள்ளையின் வேலை அக்கா என்று சொல்லலாமே, சொல்ல முடியாது, இப்போதுதானே ஓம் என்றான்… பொறு, வடிவு அவளுடையது, நிறம் அவளுடையது, விரலுக்கு வழுக்கிக்கொண்டு போகிற ஓட்டம் அவளுடையது, அவன் கையால் அங்கே இருப்பது எது? அந்த வெள்ளை. அதை மட்டும்தான் அவன் தானாக, தெரிந்தே வைத்திருக்கிறான். என்ர பிழைதான் அக்கா, என்றான், இந்த முறை பொய் இல்லை. வாங்டோர்ஃபில் அக்கா இறங்கிப் போனார், ஆச்சி ஒருத்தி கதவடியில் காத்திருப்பாள்… அவன் மடிக்கணினியைத் திறந்தான், இறங்கவேண்டிய ஓஸ்டர்முண்டிகன் வருவதற்குள் அந்தச் சின்ன மாற்றத்தை எழுதிவிடலாம், மத்தியானத்துக்குள் எல்லார் கைப்பேசிக்கும் போய்ச் சேர்ந்துவிடும், விரல்களும் விசைகளின்மேல்தான் இருக்கின்றன, ஆனால் இதைச் சரிசெய்துவிட்டால் அந்தப் பக்கத்தில் அவனுடையது என்று என்ன மிஞ்சும்…