மூன்று பாட்டுக்கு நூறு

வாரிக் நாற்காலிமேல் ஏறி நின்று, விலைப்பலகையில் இருந்த நூறை ஈரத்துணியால் தேய்த்துக்கொண்டிருந்தான். பல வருடம் அங்கேயே இருந்த எழுத்து. எவ்வளவு அழுத்தித் துடைத்தாலும் அந்த ஒன்றும் இரண்டு சுழியும் மங்கலாகத் தெரிந்துகொண்டுதான் இருந்தன. சலித்துப்போய் அதன் மேலேயே அறுபது என்று எழுதிவிட்டு இறங்கினான். வியாழக்கிழமை மதியம். கிளப் திறக்க இன்னும் கொஞ்ச நேரம் இருந்தது. நாங்கள் ஐந்து பேர் அரைகுறை ஒப்பனையோடு அவன் முதுகைப் பார்த்து நின்றிருந்தோம்.

"மூஞ்சியைத் தூக்கி வச்சுக்காதீங்க பொண்ணுங்களா. சுரங்கத்துல ஆளைக் கழிச்சு விட்டுக்கிட்டே இருக்கான். எவன் கையிலயும் காசு இல்ல. விலையைக் குறைச்சாத்தான் நாலு பேராவது படியேறுவான்."

"அப்ப வாடகையும் குறையுமா?" என்று நரெல் கேட்டாள்.

"அது எப்படிக் குறையும்? கட்டடத்துக்காரன் எனக்குக் குறைச்சானா?"

வெளியாட்கள் எங்களுக்கு கிளப் சம்பளம் கொடுக்கிறது என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். நாங்கள்தான் கிளப்புக்குக் கொடுக்கிறோம். மேடையேறும் ஒவ்வொரு நாளும் நூற்றிருபது டாலர் வாடகை. திரைபோட்ட சின்ன அறைகளில் ஒருவனுக்காக மட்டும் ஆடினால், மூன்று பாட்டுக்கு அவன் தருவது எங்களுடையது. நிலக்கரி நல்ல விலைக்குப் போன காலத்தில் அந்த வாடகை எங்களுக்கு ஒரு பொருட்டாகவே இல்லை. பிரிஸ்பேனிலிருந்தும் மெல்பர்னிலிருந்தும் பெண்கள் விமானம் பிடித்து எங்கள் ஊரான மக்காய்க்கு வந்தார்கள். மோட்டலில் ஓர் அறைக்கு நாலு பேர் படுத்தார்கள். வாரிக் அப்போதுதான் வாடகையை இரண்டு மடங்காக ஏற்றினான். இத்தனை பேர் வருகிறீர்களே, இடம் வேண்டாமா என்றான். இப்போது அவர்கள் எல்லாரும் போய்விட்டார்கள், ஏற்றிய வாடகை மட்டும் எங்களோடு தங்கிவிட்டது. போதாக்குறைக்குப் போன மாதம் ஒரு புதுச் சட்டம் கொண்டுவந்தான். வியாழன்தான் சுரங்கத்து பஸ் ஆட்களோடு ஊர் திரும்பும் நாள். அடுத்தடுத்து இரண்டு வியாழன் வாடகை கட்டாதவள் பெயர் அட்டவணையிலிருந்து போய்விடும். நரெல் போன வியாழன் கட்டவில்லை.

நரெலுக்கு நாற்பத்து நாலு வயது. இந்த மேடை போனால் இந்தக் கரையோரத்தில் வேறு எந்த மேடையும் அவளுக்குக் கிடைக்காது. அது அவளுக்கும் தெரியும், வாரிக்குக்கும் தெரியும். ஆனாலும் எங்கள் விலையைக் கட்டிக் காத்தவள் அவள்தான். நூறுக்குக் கீழே யாரும் இறங்கக்கூடாது என்பது எங்களுக்குள் இருந்த பேச்சு. அதை எங்கும் எழுதிவைக்கவில்லை, எழுதிவைக்க அவசியமும் இல்லை, நரெல் இருந்தாள். ஒருத்தி திருட்டுத்தனமாக எழுபதுக்கு ஆடினாள் என்று தெரிந்ததும், அவளுடைய செருப்பு ஜோடியை மாடிப்படியில் உருட்டிவிட்டுப் பின்னாலேயே அவளையும் போகச் சொன்னவள். 'ஒருத்தி எழுபதுன்னா நாளைக்கு எல்லாரும் ஐம்பது' என்பாள். அன்று அவள் பலகையை ஒரு முறை பார்த்தாள். கண்ணாடி முன்னால் போய் உட்கார்ந்து உதட்டுச் சாயத்தை எடுத்தாள்.

பத்திரிகைக்காரர்கள் சுரங்கத்து நிலைமையை எங்களிடம் கேட்டிருந்தால் ஒரு வருடம் முன்பே சொல்லியிருப்போம். முதலில் ஒரு பீரை ஒரு மணிநேரம் வைத்துக் குடித்தார்கள். பிறகு விலை கேட்டார்கள். நல்ல காலத்தில் எவனும் விலை கேட்டதில்லை. பையிலிருந்து வந்ததை அப்படியே நீட்டுவான், மீதி கொடுத்தால் கோபித்துக்கொள்வான். விலை கேட்க ஆரம்பித்தவன் அடுத்து, பாட்டு நீளமானதா குட்டையா என்று கேட்டான். அதற்கடுத்து வந்தவன் மேடைக்கு முன்னால் தண்ணீர் வாங்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்தான். கீழே இருந்த டயர் கடை மூடியது. எதிரே சுரங்கத்து பஸ் நிற்கும் மைதானத்தில், கணவனைக் கூட்டிப்போக மனைவிமார் கொண்டுவந்து நிறுத்தும் பெரிய வண்டிகள் சின்ன வண்டிகளாயின.

அப்படியும் மாறாமல் வந்துகொண்டிருந்தவன் க்ளென். மேற்கே சுரங்கத்தில் லாரி ஓட்டுபவன். ஒரு வாரம் அங்கே முகாமில், ஒரு வாரம் வீட்டில். அதனால் ஒன்றுவிட்டு ஒரு வியாழன் அவனுடையது. இரண்டு மணி பஸ்ஸில் வந்து இறங்குவான், நேரே எங்கள் படியேறுவான். மனைவியிடம் ஐந்து மணி பஸ் என்று சொல்லிவைத்திருந்தான். நடுவே அந்த மூன்று மணிநேரம் நரெலுக்கு. ஒன்பது வருடமாக இதுதான் நடக்கிறது. ஆடுவதைப் பார்ப்பதைவிடப் பேசுவதுதான் அதிகம். மகளுடைய பல்லுக்குக் கம்பி போட்டதிலிருந்து கல்யாணம் வரை எங்கள் எல்லாருக்கும் அத்துப்படி. நரெலுக்குக் கடைசியாக மிஞ்சியிருந்த வாடிக்கை அவன்தான். அன்றைய வாடகை அவன் கையில்தான் இருந்தது.

அன்று இரண்டரைக்கு வந்தான். ஆரஞ்சுச் சட்டை, இரும்புமுனை பூட்ஸ், தோளில் பை.

"பஸ் கொஞ்சம் லேட்டு," என்றான்.

"ரெண்டு மணி பஸ்ஸா? அதைத்தான் போன மாசமே..." என்று ஸ்கை வாயெடுத்தாள். ஸ்கை எங்களில் புதியவள், இருபத்து மூன்று வயது, நாக்கு நிற்காது. நரெல் தன் குதிகாலை அவள் பாதத்தின்மேல் வைத்து, உடம்பு பாரம் முழுக்க இறக்கினாள். ஸ்கை மீதியை விழுங்கிக்கொண்டாள். ஆள் குறைந்ததால் இரண்டு மணி பஸ்ஸைச் சுரங்கத்துக்காரன் நிறுத்தி ஒரு மாதமாகிவிட்டது. இப்போது ஐந்து மணிக்கு ஒரே பஸ்தான்.

க்ளென் பலகையைப் பார்த்தான். "என்ன, அறுபதுன்னு போட்டிருக்கு?"

"அது புதுப் பொண்ணுங்களுக்கு. எனக்கு நூறுதான்."

"அதானே பார்த்தேன்," என்றான். முதுகு கொஞ்சம் நிமிர்ந்தது. பீர் வாங்கிக்கொண்டு தன் பழைய நாற்காலிக்குப் போனான்.

ஸ்கை என்னை ஒப்பனை அறைக்கு இழுத்துக்கொண்டு ஓடினாள். "ரொவீனா, அந்த ஆள் கண்ணைப் பார்த்தியா?"

பார்த்திருந்தேன். சுரங்கத்திலிருந்து வருகிறவர்கள் எவ்வளவு சோப்புப் போட்டாலும் இமை ஓரத்துக் கரி போகாது. மை தீட்டியது போலவே இருக்கும். முதன்முதலில் இங்கே வேலைக்கு வந்தபோது, இந்த ஊர் ஆண்களுக்கு என்ன இவ்வளவு அழகான கண் என்று நானே வியந்திருக்கிறேன். க்ளென் கண்ணிலும் அது இருந்தது.

"அது கரி இல்லடி. ஐலைனர். லைட்டுக்குக் கீழ வந்தப்ப மினுக்குது பாரு, வெள்ளி வெள்ளியா. மருந்துக்கடையில விக்குமே, சின்னப் பிள்ளைங்க போடுறது. என்கிட்டகூட ஒண்ணு இருக்கு." வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். நானும் சிரித்துவிட்டேன். எங்களை ஏமாற்ற வேறு எதுவும் கிடைக்கவில்லையா அந்த மனிதனுக்கு; நாளெல்லாம் அதையே போட்டு அழிக்கிறவர்கள் நாங்கள். பிறகு அவன் ஏதோ கடையில் போய் அந்தப் பென்சிலைக் கேட்டு வாங்குவதும், வண்டிக் கண்ணாடியைத் திருப்பி வைத்துக்கொண்டு அந்தத் தடித்த விரல்களால் கோடு இழுப்பதும் மனதில் வந்தது. ஸ்கையும் சிரிப்பை நிறுத்திவிட்டாள்.

நரெலைத் தனியாகப் பிடித்தேன். "அந்த ஆளுக்கு வேலை போயிடுச்சு."

"தெரியும்."

"கழிச்சு விடும்போது கொடுத்த காசைத்தான் இங்க கொண்டு வந்து கொட்டுறான்."

"எவன் காசு எங்கேருந்து வருதுன்னு நாம எப்பக் கேட்டோம்?"

"அறுபதாவது வாங்கிக்கோயேன். பலகையிலயும் அதானே இருக்கு."

"அறுபதுன்னா ஏன்னு கேப்பான். என்ன சொல்லட்டும்? நீயே சொல்லு." கண்ணாடியில் தன்னைப் பார்த்துக்கொண்டே பேசினாள். அவளுக்கு வாடகை முக்கியமா, அவன் மானம் முக்கியமா என்று அந்த முகத்தில் தேடினேன். தெரியவில்லை. அவளுக்கே தெரிந்திருக்காது என்றுதான் நினைக்கிறேன்.

நரெலும் க்ளெனும் திரைபோட்ட அறைக்குள் போனபோது எனக்கு ஆள் யாரும் இல்லை. பக்கத்து அறையில் செருப்பைக் கழற்றிவிட்டுக் காலை நீட்டி உட்கார்ந்திருந்தேன். அறைகளுக்கு நடுவில் சுவர் கிடையாது, துணிதான். மின்சாரம் மிச்சம் பிடிக்க வாரிக் அறைகளின் ஏசியை அணைத்துவிட்டிருந்தான். முதல் பாட்டில் அவள் ஆடும் சத்தம் கேட்டது. இரண்டாவதில் நின்றுவிட்டது.

"கையை எடு. தேய்க்காத. இன்னும் பரவுது."

பாட்டு மட்டும் ஓடியது.

"எப்பலேருந்து?"

"ஈஸ்டருக்கு முன்னாலேருந்து."

"வீட்டுல?"

"அவ கணக்குல மாசம் பொறந்தா காசு போட்டுடறேன். தெரியாது." பிறகு, "அஞ்சு மணிக்கு வண்டியோட வந்து நிப்பா."

"வேலைக்குப் போறேன்னு கிளம்பி வாரம் பூரா எங்க இருக்க?"

"சரீனா பக்கம் கடலோரத்துல, கேரவன் பார்க்குல ஒரு வண்டிக்குள்ள. மீன் பிடிக்கிறேன்."

"மாட்டுச்சா?"

"ஒண்ணும் மாட்டல."

அதன் பிறகு வந்த சத்தத்தை நான் கேட்காததுபோல் இருக்க எவ்வளவோ முயன்றேன். ஐம்பத்தைந்து வயது ஆண் அழுவதை அதற்கு முன் கேட்டதில்லை. மூன்றாவது பாட்டு முடிந்தபோது நரெல் துணிக்கு அந்தப் பக்கமிருந்து கூப்பிட்டாள்.

"ரொவீனா, அங்கதான் இருக்கன்னு தெரியும். என் பையைக் கொண்டு வா. டார்ச் லைட்டும்."

கொண்டுபோனேன். க்ளென் சுவரோரப் பலகையில் உட்கார்ந்திருந்தான். கண்ணிலிருந்து கன்னம்வரை கறுப்பாக வழிந்திருந்தது. என்னைப் பார்த்ததும் தலையைக் குனிந்துகொண்டான். நரெல் அவன் தாடையைப் பிடித்து நிமிர்த்தினாள். பஞ்சில் க்ரீமைத் தொட்டு மினுக்கு அத்தனையையும் துடைத்தெடுத்தாள். பையில் துழாவி, பளபளப்பே இல்லாத கரும்பொடி ஒன்றை எடுத்தாள். நான் டார்ச்சைப் பிடித்தேன்.

"மேல பாரு. சிமிட்டாத."

மெல்லிய தூரிகையால் இமை வேரில் வைத்தாள். கண்ணின் மூலையில் கொஞ்சம் அழுத்தி, பிறகு அதையே பாதி கலைத்தாள். மூக்கோரத்தில் ஒரு தொடல். காது மடிப்பில் ஒன்று. கையை வாங்கி நகக்கண் ஒவ்வொன்றிலும் தேய்த்தாள். பல்லால் உதட்டைக் கடித்துக்கொண்டே செய்தாள்; தன் முகத்துக்குக்கூட அவள் இவ்வளவு பொறுமையாகச் செய்து நான் பார்த்ததில்லை. எட்ட நின்று பார்த்தாள். நானும் பார்த்தேன். அப்போதுதான் ஷிஃப்ட் முடிந்து வந்தவன் போலவே இருந்தான். ஒன்பது வருடமாகப் பார்த்த அதே க்ளென்.

அவன் கண்ணாடியை வாங்கிப் பார்த்தான். வெகுநேரம் பார்த்தான். பிறகு பின்பாக்கெட்டில் கைவிட்டான். "பாட்டுக்குக் கொடுத்தாச்சு. இதுக்கு எவ்வளவு?"

ஒன்றும் வேண்டாம், போய் வா என்று சொல்லுவாள் என்று காத்திருந்தேன்.

"நூறு," என்றாள் நரெல்.

ஆனால் க்ளென் முகம் வாடவில்லை. பழகிய கடையில் தன் காசுக்கு ஒரு சாமான் வாங்குகிறவன் மாதிரி நிதானமாக இரண்டு ஐம்பதை எடுத்து நீட்டினான். "அடுத்த ஷிஃப்டுக்கு அப்புறம் வர்றேன்," என்றான். "வா," என்றாள். பையைத் தோளில் போட்டுக்கொண்டு, மேடையைத் திரும்பிப் பார்க்காமல் படியிறங்கினான். நரெல் நேரே பாருக்குப் போய் வாரிக்கின் உள்ளங்கையில் வாடகையை வைத்தாள். அவன் முகத்தில் இருந்தது சந்தோஷமா ஏமாற்றமா என்று சொல்ல முடியாது.

ஒப்பனை அறையின் ஜன்னலிலிருந்து பஸ் மைதானம் தெரியும். ஐந்து மணி ஆகும்போது நரெலும் நானும் அங்கே போய் நின்றோம். க்ளென் கழிப்பறைக் கட்டடத்துக்குப் பின்னால் ஒதுங்கி நின்றிருந்தான். பஸ் வந்தது. ஆரஞ்சுச் சட்டைகள் இறங்கத் தொடங்கியதும் பின்பக்கமாக வந்து கும்பலோடு கலந்தான். இரண்டு பேர் அவன் தோளைத் தட்டினார்கள். தெரிந்தே தட்டினார்களோ என்னவோ, ஒருவனும் ஒன்றும் கேட்டதாகத் தெரியவில்லை.

"நல்லா செஞ்சிருக்க," என்றேன். நரெல் கண்ணை ஜன்னலைவிட்டு எடுக்கவில்லை.

சின்ன வெள்ளை வண்டி ஒன்றிலிருந்து ஒரு பெண் இறங்கினாள். சூப்பர் மார்க்கெட் சீருடையில் இருந்தாள். ஒன்பது வருடமாக அவளுடைய சமையல், மூட்டுவலி, தங்கச்சியோடு போட்ட சண்டை எல்லாம் கேட்டிருக்கிறோம். முகத்தை அன்றுதான் பார்த்தேன். அவன் குனிந்து அவள் கன்னத்தில் முத்தமிட்டான். அவள் கட்டைவிரலை நாக்கில் தொட்டு, அவன் கண்ணுக்குக் கீழே ஒரு முறை துடைத்துவிட்டாள். ஒவ்வொரு முறையும் செய்வது போலிருக்கிறது. அவன் அதற்கென்றே முகத்தைக் காட்டிக்கொண்டு நின்றான்.

"கரின்னா நெறநெறன்னு இருக்கும்," என்றாள் நரெல் மிக மெதுவாக. "இது வழவழன்னு இருக்கும்."

எனக்கு அது தோன்றவே இல்லை. அதுவரை அவளுக்கும் தோன்றியிருக்கவில்லை. கண்ணுக்காகவே எல்லாவற்றையும் செய்து பழகியவர்கள் நாங்கள்.

கீழே க்ளெனின் மனைவி கட்டைவிரலை ஆள்காட்டி விரலோடு சேர்த்துத் தேய்த்தாள். வாரிக் ஒலிபெருக்கியில் நரெலை மேடைக்குக் கூப்பிட்டான். நரெல் அசையவில்லை. வண்டிகள் ஒவ்வொன்றாக மைதானத்தை விட்டுப் போயின, பஸ்ஸும் திரும்பிப் போயிற்று. க்ளென் பையோடு வண்டிக்கதவின் பக்கத்தில் நின்றிருந்தான். மனைவி தன் கையைக் கண்ணுக்கு நேரே பிடித்து, அந்த இரண்டு விரலையும் தேய்த்துக்கொண்டே இருந்தாள்.