நீலமடித்த மஞ்சம்

எட்மாஸ்டர் யேசுவடியானுக்கு மூச்சு இழுக்கத் தொடங்கியது ஒரு செவ்வாய்க்கிழமை காலையில். அப்போதிருந்தே கோயில்குட்டி கனகதாசுக்குச் சோறு தொண்டைக்குக் கீழே இறங்கவில்லை. படிப்பித்த வாத்தியாருக்காக ஒரு மனுஷன் இப்படி வாடுவானா என்று ஊரில் மெச்சிக்கொண்டார்கள். பாசம் இல்லாமல் இல்லை. ஆனால் சோறு இறங்காததற்குக் காரணம் வேறு. யேசுவடியான் கண்ணை மூடினால் அவரைச் சுமக்க வேண்டிய மஞ்சம் கோயில் சாமான்புரையில் இல்லை. எடுத்துக் கொடுத்தவன் கனகதாஸ்.

பாறசாலையிலிருந்து பனச்சமூட்டுக்குப் போகிற பஸ் சாய்ந்து திரும்பும் ஒரு வளைவில் இருக்கிறது அந்த மிஷன் கோயில். அதைத் திறப்பது, பெருக்குவது, மணியடிப்பது, சாவு விழுந்தால் குழி வெட்ட ஆள் பிடிப்பது எல்லாம் கனகதாசின் வேலை. சம்பளம் பேருக்குத்தான். ஆனால் வளாகத்தின் மூலையில் ஆஸ்பெஸ்டாஸ் போட்ட ஒற்றை அறை வீடு உண்டு. வேலை உள்ள காலம்வரை வீடும் உண்டு. வேலை போனால் புஷ்பபாயையும் இரண்டு பெண்பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு எந்தப் படியில் போய் ஏறுவது என்று அவனுக்குத் தெரியாது.

அந்தச் செவ்வாய்க்கிழமை பத்து மணிக்கு எட்மாஸ்டரின் மகள் ரத்னபாய் அவனை ஆள் விட்டுக் கூப்பிட்டாள். போனான். கட்டிலில் கிடந்தவர் கண்ணைத் திறந்து, பள்ளிக்கூடத்தில் பார்த்த அதே பார்வை பார்த்தார்.

"கனகா, என்னை அந்த இரும்பு வண்டியில ஏத்தப்பிடாது. கிரீச் கிரீச்சுன்னு ஐஸ்காரன் போறமாதிரி. எனக்க பொண்டாட்டியத் தூக்கின மஞ்சம் உண்டுல்லா, அதுல தோளில போவணும். நீ பொறுப்பு."

கனகதாஸ் தலையாட்டினான். ஆட்டிய தலையை நிறுத்தத்தான் கொஞ்ச நேரம் பிடித்தது. வெளியே வந்தபோது, மஞ்சத்தைத் தூசி தட்டி வெயிலில் வைத்துவிடு என்று ரத்னபாய் சொன்னாள். அதற்கும் தலையாட்டினான்.

நடந்தது இதுதான். இரண்டு மாதத்துக்கு முன், தொண்ணூற்றாறாம் வருஷம் ஜூன் மாதத்தில், ஒரு பிரெஞ்சுக்காரி வந்தாள். பெயர் ஒதில். எல்லாருக்கும் மதாம்மை. காஞ்சிரங்குளத்துக்கு மேற்கே கடல் பார்த்த ஒரு பழைய வீட்டை வாடகைக்கு எடுத்து, அவள் நாட்டிலிருந்து வருகிறவர்களைத் தங்கவைக்கிறாள். அவளுடைய ஊரில் ஞாயிற்றுக்கிழமை தோறும் தெருவோரத்தில் பழைய சாமான் சந்தை கூடுமாம். உடைந்த கண்ணாடி, கைபோன நாற்காலி, யாரோ துவைத்து மடித்த மேசைத்துணி எல்லாம் விற்குமாம். அதை வாங்கி வீட்டை அலங்கரித்தே வளர்ந்தவள் அவள். இங்கே அப்படிச் சந்தை இல்லாததால் பெருங்கடவிளை, வெள்ளறடை, பனச்சமூடு என்று வீடு வீடாகத் தேடிக்கொண்டிருந்தாள். அவளை ஏற்றிக்கொண்டு திரிந்த ஜீப்காரன் பிஜு, புஷ்பபாயின் தம்பி. அக்காள் வீட்டில் ஒரு கட்டஞ்சாயா குடிக்கலாம் என்று அவன்தான் கோயில் வளாகத்துக்குள் ஜீப்பைத் திருப்பினான்.

சாமான்புரைக் கதவு திறந்து கிடந்தது. மதாம்மை உள்ளே எட்டிப் பார்த்தாள். கால் நீண்ட, ஆறடிக்குமேல் நீளமான தேக்கு மஞ்சத்தைக் கண்டதும் அப்படியே நின்றுவிட்டாள். அது என்ன என்று பிஜு மூலம் கேட்டாள். சவம் சுமக்கிறது என்று சொல்ல கனகதாசின் வாய் திறந்தது. அதற்குள் அவள், தன் வீட்டில் மூன்று மேசைவிசிறி சும்மா இருப்பதாகவும், இதைத் தந்தால் அதில் ஒன்றைத் தருவதாகவும் சொல்லிவிட்டாள். ஆஸ்பெஸ்டாஸுக்குக் கீழே புஷ்பபாய் நாலு வருஷமாகக் கேட்டுக்கொண்டிருந்தது ஒரு விசிறிதான்.

"நெல்லு காயப்போடுத கட்டிலுன்னு சொல்லுடே," என்றான் கனகதாஸ்.

பிஜு அவன் முகத்தைப் பார்த்தான். பிறகு அப்படியே சொன்னான்.

எண்பத்தெட்டில் கமிட்டி சக்கரம் வைத்த இரும்பு வண்டி வாங்கியதிலிருந்து மஞ்சத்தை யாரும் தேடவில்லை. ஒழுகுகிற மூலையில் கிடந்து ஒரு கால் கறையான் பிடித்துவிட்டது. இன்னொரு காரணமும் கனகதாசுக்குத் தைரியம் கொடுத்தது. கோயில் சாமான் புத்தகத்தில் பெஞ்சு, பாய், பெட்ரோமாக்ஸ், திருவிருந்துக் கிண்ணம், பெருக்குமாறு வரைக்கும் எழுதியிருக்கும். மஞ்சம் மட்டும் இருக்காது. அதை எழுதுகிறவனைத்தான் அது அடுத்ததாகத் தூக்கும் என்று ஊரில் ஒரு பயம். வருஷா வருஷம் சாமான் எண்ண வருகிற கமிட்டிக்காரர்கள் மஞ்சத்துக்கு முன்னால் வந்ததும் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு கடந்துபோவார்கள். எழுத்தில் இல்லாத சாமான் யாருடையதும் இல்லை என்று கனகதாஸ் நினைத்துவிட்டான்.

ஆனால் மஞ்சத்தின் அடிப்பலகையில் வேறொரு எழுத்து இருந்தது. ஒவ்வொரு அடக்கம் முடிந்ததும் கோயில்குட்டி ஆணியால் செத்தவரின் முதல் எழுத்தையும் வருஷத்தையும் கீறவேண்டும். கனகதாஸே இருபத்துமூன்று பேரைக் கீறியிருக்கிறான். எட்மாஸ்டரின் மனைவியைக் கீறியதும் அவன்தான்.

புதன்கிழமை விடிந்ததும் விசிறியைச் சாக்கில் சுற்றிக்கொண்டு கிளம்பினான். புஷ்பபாய் ஒன்றும் கேட்கவில்லை. செவ்வாய் மத்தியானமே எல்லாவற்றையும் சொல்லிவிட்டான். கேட்ட பிறகு, இந்த விசிறிக் காற்றில் உறங்கின உறக்கமெல்லாம்தான் எனக்கு இப்போ நெஞ்சைக் கரிக்கிறது என்று மட்டும் சொன்னாள்.

ஜீப்பில் பிஜுவுக்குத்தான் வாய் ஓயவில்லை. மதாம்மை தராவிட்டால் தச்சனைப் பிடித்து ஒன்று புதுசாகச் செய்து, கரி பூசி வைத்துவிடலாம் என்றான். அடிப்பலகையில் அறுபது எழுபது பேர் இருக்கிறார்கள், அவர்களை எந்தத் தச்சன் செய்வான் என்று கனகதாஸ் கேட்டான். ஜீப் நெய்யாற்றின்கரை தாண்டியது. வழியில் எந்தக் கோயில் மணி கேட்டாலும் தன் கோயில் மணி என்றே அவனுக்குப் பட்டது. பத்து மைலுக்கு அப்பாலிருந்து கேட்காது என்று அறிவு சொன்னது. கை மட்டும் சாக்கை இறுக்கிக்கொண்டது.

மதாம்மையின் வீட்டு வராந்தாவில் அவன் கண்டதை அவன் எந்த ஜென்மத்திலும் மறக்கமாட்டான். மஞ்சத்துக்கு வெளுத்த நீலப் பெயின்ட் அடித்திருந்தது. கறையான் பிடித்த காலுக்குச் சமமாக மற்ற மூன்று கால்களையும் அறுத்து முழங்கால் உயரத்துக்குத் தாழ்த்தியிருந்தார்கள். மேலே பூப்போட்ட துணி. துணிமேல் ரொட்டி, பழம், ஜாம் குப்பிகள், ஒரு பித்தளைக் கிண்டியில் செம்பருத்தி. சுற்றிலும் தலையணை போட்டு ஒரு வெள்ளைக்காரப் புருஷனும் பெண்சாதியும் உட்கார்ந்து தின்றுகொண்டிருந்தார்கள். அவர்களுடைய ஐந்து வயதுப் பெண்குழந்தை மஞ்சத்தின் தலைப்பக்கம், சரியாகத் தலை வைக்கிற இடத்தில், கன்னத்தை வைத்துப் படுத்தபடி படம் வரைந்துகொண்டிருந்தது.

கனகதாஸ் படியேறவில்லை. ஜீப்பின் கம்பியைப் பிடித்துக்கொண்டான்.

"அத்தான், சொல்லண்டாம்," என்று பிஜு காதில் சொன்னான். "கமிட்டி திரும்பக் கேக்குதுன்னு மட்டும் பறைவோம். இல்லேன்னா இவியெல்லாம் தின்னதை இப்பமே சர்த்திப்பாவ. நமக்கு மேல கேசு வரும்."

கனகதாசும் அப்படித்தான் நினைத்து வந்திருந்தான். ஆனால் அந்தக் குழந்தை கன்னத்தை எடுக்கவே இல்லை. அவன் மதாம்மையைத் தனியாகக் கிணற்றடிக்குக் கூப்பிட்டான். சாக்கை அவிழ்த்து விசிறியைக் கல்மேல் வைத்தான். பிறகு, செத்தவர்களைக் கொண்டுபோகிற மஞ்சம் அது என்று தமிழில் சொன்னான். பிஜு மலையாளமும் இங்கிலீஷுமாகத் தட்டுத்தடுமாறிச் சொன்னான். அவளுக்கு விளங்கவில்லை. கனகதாஸ் கைகளை மார்பில் வைத்து, கண்ணை மூடி, தலையைச் சாய்த்துக் காட்டினான்.

அவள் கூச்சல் போடுவாள் என்று எதிர்பார்த்தான். போடவில்லை. விசிறியைப் பார்த்தாள். பிறகு பிஜுவிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"தந்த அன்னைக்கு ஒங்களுக்கு இது தெரியுமான்னு கேக்குதாவ," என்றான் பிஜு.

இல்லை என்று சொல்ல இடம் இருந்தது.

"தெரியும்," என்றான் கனகதாஸ்.

அவள் முகம் சிவந்து, பிறகு வெளுத்தது. தங்கள் ஊர்ச் சந்தையிலும் செத்தவர்களின் கட்டில் விற்கும், மெத்தை விற்கும், ஆனால் விற்கிறவன் இன்னதென்று சொல்லித்தான் விற்பான் என்று சொன்னாள். சொல்லியிருந்தாலும் வாங்கியிருப்பேன், ஆனால் பிள்ளைகளுக்கு அதில் சோறு வைத்திருக்கமாட்டேன் என்றாள். பிஜு இதைச் சொல்லும்போது கனகதாஸ் கிணற்றுக்குள் பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு அவளே போய், குழந்தையைக் கொஞ்சித் தூக்கி இறக்கிவிட்டு, ஜாம் குப்பிகளை ஒவ்வொன்றாக எடுத்துத் தரையில் வைத்தாள். தின்றுகொண்டிருந்தவர்களிடம் என்ன சொன்னாளோ, அவர்கள் சிரித்தார்கள். உள்ளே போய் ஜன்னல் திரைகளைக் கழற்றி, திரை மாட்டியிருந்த இரண்டு நீளக் கழிகளைக் கொண்டுவந்தாள். மஞ்சத்தின் இரும்பு வளையத்தில் செருகித் தோளில் வைக்கிற கழிகள் அவை. விசிறியை எடுத்துக்கொண்டு உள்ளே போனவள் பிறகு வெளியே வரவில்லை.

மஞ்சத்தை ஜீப்பின் மேல் கட்டிக்கொண்டு திரும்பினார்கள். எதிரே வந்த பஸ்ஸிலிருந்தவர்கள் நீலக் கட்டிலைப் பார்த்து, கல்யாண வீட்டுச் சாமானா என்று கேட்டார்கள். பிஜு வேகத்தைக் கூட்டினான். ஆளில்லாத நேரம் பார்த்து உள்ளே கொண்டுபோய், பெயின்ட்டைச் சுரண்டி, இரண்டு நாளில் பழையபடி ஆக்கிவிடலாம் என்று கனகதாஸ் மனதுக்குள் வழி போட்டுக்கொண்டே வந்தான். இரண்டு நாள் போதும். ஆண்டவரே, இரண்டு நாள்.

கோயில் வளைவுக்கு அரை மைல் இருக்கும்போதே மணி கேட்டது. ஒரு அடி. நிறுத்தம். மறுபடி ஒரு அடி. சாவுமணி. அவன் அடிக்க வேண்டிய மணியை வேறு யாரோ அடித்துக்கொண்டிருந்தார்கள்.

"மக்கா, வண்டியத் திருப்பு," என்றான் கனகதாஸ்.

"எங்க திருப்ப? எங்க போவிய?" என்று கேட்டான் பிஜு. பதிலுக்குக் காத்திராமல் ஜீப்பை நேரே விட்டான்.

வளாகத்தில் முப்பது நாற்பது பேர் நின்றார்கள். கமிட்டிச் செயலாளர் ரெத்தினதாஸ், மணிக்கயிற்றைக் கையில் பிடித்தபடியே திரும்பிப் பார்த்தார். மஞ்சத்தைக் காணோம் என்று ஏற்கெனவே சாமான்புரையைத் திறந்து தேடியிருந்தார்கள் என்பது எல்லார் முகத்திலும் எழுதியிருந்தது. ஜீப்பின் மேலிருந்த நீலத்தைக் கண்டதும் பேச்சு அடங்கியது. எவனோ ஒருவன் மட்டும், எலே, எட்மாஸ்டருக்கு என்ன, தொட்டிலா என்றான். யாரும் சிரிக்கவில்லை.

கனகதாஸ் இறங்கினான். என்ன நடந்தது என்று முதலிலிருந்து சொன்னான். விசிறியைச் சொன்னான். நெல்லுக்கட்டில் என்று சொன்னதைச் சொன்னான். ரொட்டி தின்றதைச் சொல்லலாமா வேண்டாமா என்று ஒரு கணம் தயங்கி, அதையும் சொன்னான். சொல்லச் சொல்லக் காதுக்குள் தன் குரலே தூரத்திலிருந்து வருவதுபோல் இருந்தது. ரெத்தினதாஸ் கயிற்றை விட்டுவிட்டு நடந்துவந்தார். அடிக்கத்தான் வருகிறார் என்று கனகதாஸ் கண்ணை மூடிக்கொண்டான்.

"அதை எறக்கிக் கமத்துங்க," என்று ஒரு குரல் கேட்டது. ரத்னபாய். அழுது முகம் வீங்கியிருந்தது.

நாலு பேர் மஞ்சத்தை இறக்கிக் கவிழ்த்தார்கள். அடிப்பலகையில் பெயின்ட் இல்லை. பழைய கறுத்த தேக்கில் எழுத்துகள் வரிவரியாக அப்படியே இருந்தன. ரத்னபாய் முட்டுக்குத்தி உட்கார்ந்து விரலால் தேடினாள். அவள் விரல் போகும் இடமெல்லாம் கனகதாசின் நெஞ்சும் போயிற்று. அறுத்த காலோடு அந்த எழுத்தும் போயிருந்தால்? ஓரத்தில், காலுக்கு நாலு விரல் இப்பால், விரல் நின்றது. 'தே 71'. அவளுடைய அம்மா தேவகிருபை.

"இருக்கு," என்றாள். எழுந்து அவனைப் பார்த்தாள். "அப்பா ஒன்னைப் பொறுப்பாக்கினாரு. தூக்கும்போ முன்கழி ஒனக்கு. மத்ததெல்லாம் ஞாயித்துக்கெழமை கமிட்டி பாத்துக்கிடட்டு."

வியாழக்கிழமை மூன்று மணிக்கு எட்மாஸ்டர் யேசுவடியான் நீல மஞ்சத்தில், தோளில் போனார். முன்கழியின் வலப்பக்கம் கனகதாஸ். அடக்கம் முடிந்ததும் ஆணியை எடுத்து மனைவிக்குப் பக்கத்தில் அவரைக் கீறினான். எழுத்து கோணிப்போயிற்று.

ஞாயிறு ஆராதனைக்குப் பிறகு கமிட்டி கூடியது. அவன் வெளியே வேப்பமரத்தடியில் ஒன்றரை மணி நேரம் நின்றான். புஷ்பபாய் வீட்டுக்குள் பாத்திரங்களைச் சாக்கில் கட்டுவது, தட்டு தட்டின்மேல் விழும் சத்தத்தில் தெரிந்தது. பிறகு உள்ளே கூப்பிட்டார்கள். வேலையை எடுக்க வேண்டும் என்று ஆறு பேர், வேண்டாம் என்று ஏழு பேர். கமிட்டியில் ரத்னபாயும் உண்டு; ஏழாவது கை அவளுடையது. ஆனால் தண்டனை இல்லாமல் விடமுடியாது என்றார் ரெத்தினதாஸ். எழுத்தில் இல்லாததால்தானே இவ்வளவும் நடந்தது, ஆகையால் எழுதவேண்டும் என்றார். சாமான் புத்தகத்தைத் திறந்து, பேனாவின் மூடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். பேனாவை அவர் கனகதாஸ் பக்கம் தள்ளிய வேகத்தைப் பார்த்தால், அது தன் விரலில் ஒட்டிவிடுமோ என்று பயந்தவர்போல் இருந்தது.

பதின்மூன்று பேரும் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டார்கள்.

கனகதாஸ் பேனாவை எடுத்தான். நாற்பத்தைந்து வயது. மூத்தவள் எட்டாம் வகுப்பு. பெருக்குமாறு, நான்கு என்று எழுதியிருந்த வரிக்குக் கீழே முனையை வைத்தான். வெளியே சாக்கு கட்டுகிற சத்தம் இன்னும் கேட்டுக்கொண்டிருந்தது. வேலை போகவில்லை என்று அவளிடம் போய்ச் சொல்லவேண்டும். என்ன எழுதிவிட்டு வந்தேன் என்று சொல்லவேண்டாம்.

சவமஞ்சம், ஒன்று, நீலம், கால் குட்டை என்று எழுதினான். எழுதி முடித்ததும் ஒரு தரம் தன் மூச்சைக் கவனித்துப் பார்த்தான்.