வள்ளியம்மா வீட்டுக்கு வந்த விடை

டத்தோ கிராமாட்டில் வள்ளியம்மாவின் மகள் காமினியின் பெயரில் எழுதிய குணத் தேர்வின் முடிவு, தைப்பூசம் கழிந்த மூன்றாம் வியாழன் காலை ஏழேகாலுக்கு, வாசலில் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு வீட்டுக்குள் வந்தது. வயது முப்பத்திரண்டு, உயரம் ஐந்தடி இரண்டு அங்குலம், முகம் அச்சு அசல் காமினியின் முகம். ஒரு கையில் பாசாரில் வாங்கிய கங்கோங் கீரைக் கட்டு, இன்னொரு கையில் பக்கத்து வீட்டு சல்மா அக்காவுக்கென்று தனியாக வாங்கிய வாழைப்பழச் சீப்பு. சல்மா அக்காவுக்கு அன்று பிறந்தநாள் என்பது சல்மா அக்காவுக்கே மறந்துபோயிருந்தது. வந்தவள் நேரே அடுப்படிக்குப் போய்க் கோப்பி கலக்கினாள். பாலத்துக்கு அப்பால் பிறையில் இருந்த தொழிற்சாலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்த காமினி, ஒரு காலில் சப்பாத்தும் ஒரு காலில் வெறும் காலுறையுமாக நின்று அவளைப் பார்த்தாள். வேலைக்கு நேரமாகிவிட்டதால் மற்ற சப்பாத்தையும் மாட்டிக்கொண்டு புறப்பட்டுப் போனாள்.

இது நடந்ததற்குக் காரணம், காமினிக்கு மாப்பிள்ளையாகப் பேசப்பட்ட பாலிக் புலாவ் ஊர்ச் சுகுமாரனின் ஜாதகம். அந்தப் பிள்ளை மலைப்பாதையில் ஓடிக்கொண்டிருந்த காரிலேயே பிறந்தவன். அந்த அவசரத்தில் யாரும் மணி பார்க்கவில்லை. பிறந்த நேரம் இல்லாமல் ஜாதகம் எப்படிக் கணிப்பது? அவனுடைய அம்மா புஷ்பவள்ளி, அப்பாவும் இல்லாத பிள்ளைக்கு ஜாதிக்காய்த் தோட்டத்தைப் பார்த்தபடியே பெண்ணும் பார்த்துக்கொண்டிருந்தவர், யாரோ சொல்லக் கேட்டு ஒரு வழி கண்டுபிடித்தார். இப்போதெல்லாம் மனிதர்களின் குணத்தை நான்கு எழுத்தில் சொல்கிறார்களாமே, போனில் எழுபது கேள்விக்குப் பதில் சொன்னால் வந்துவிடுமாமே, அதை எடுத்து அனுப்புங்கள், பொருத்தம் பார்த்துக்கொள்ளலாம் என்றார். வள்ளியம்மாவுக்கு இது நியாயமாகவே பட்டது.

நிரப்ப வேண்டிய பாரம் என்று வந்துவிட்டால் அந்த வீட்டில் அது நல்லமுத்து மாமாவின் கைக்குத்தான் போகும். அஞ்சலகத்தில் முப்பது வருடம் உட்கார்ந்து எழுந்தவர். காமினியின் பள்ளிப் பாரம், ஐசி என்கிற அடையாள அட்டைப் பாரம், பாஸ்போர்ட் பாரம், செத்துப்போன அப்பாவின் இறப்புப் பாரம் என்று எல்லாம் அவர் நிரப்பியவை. ஆகவே ஒரு திங்கள்கிழமை மாலை விளக்கேற்றி, சாப்பாட்டு மேசையைத் துடைத்து, மாமா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கேள்விகளைத் தமிழில் வாசித்தார். தங்கை வள்ளியம்மா பதில் சொன்னார். சம்பந்தப்பட்டவள் பன்னிரண்டு மணி நேர வேலை முடிந்து வந்த களைப்பில், சீருடைகூட மாற்றாமல், எதிரே உட்கார்ந்து சோறு சாப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

“விருந்தாளி வந்தா ஒனக்கு சந்தோசமான்னு கேக்குறான்” என்றார் மாமா.

“ஆமான்னு போடுங்கண்ணே. இல்லேன்னு போட்டா எவன் கட்டுவான்?”

“மத்தவங்க மனசு நோகாம பேசுவியாம்.”

“நல்லாப் பேசுவா. போடுங்க.”

காமினி நிமிர்ந்து பார்த்தாள். மாமா “சும்மா ஒரு பாரம்தானம்மா, சாப்பிடு லா” என்றதும் மறுபடி குனிந்துகொண்டாள். முடிவு ஈ.எஸ்.எஃப்.ஜே. என்று வந்தது. ஊரோடு ஒத்து வாழ்பவள், உறவுகளைக் கட்டிக் காப்பவள், வீட்டுக்கு விளக்கு என்று அதற்கு அர்த்தம் போட்டிருந்தது. மாமா அதை மறுநாள் அச்செடுத்து வந்தார். ஜாதகக் குறிப்பு என்றால் செய்ய வேண்டியதைச் செய்ய வேண்டாமா? வள்ளியம்மா தாளின் நான்கு மூலைகளிலும் மஞ்சள் தடவி, மாரியம்மன் படத்தின் முன் மூன்று நாள் வைத்தார். மூன்றாம் நாள்தான் வியாழக்கிழமை.

ஒரு மாதத்தில் அந்த ஜாலானில் இருந்த வீடுகள் முழுவதற்கும் அவள் பழகிப்போனாள். இருவரையும் பிரித்துச் சொல்ல வேண்டியிருந்ததால் வந்தவளை வீட்டுக் காமினி என்றும், ஏற்கெனவே இருந்தவளைப் பிறைக் காமினி என்றும் அழைத்தார்கள். வீட்டுக் காமினி யார் வீட்டில் காய்ச்சல் என்றாலும் கஞ்சியோடு போய் நின்றாள். எட்டு வருடமாகப் பேசாமலிருந்த இரண்டு குடும்பங்களை ஒரு தட்டு பலகாரத்தில் சேர்த்துவைத்தாள். பெண் பார்க்க வந்த புஷ்பவள்ளி திரும்பிப் போகும்போது அவள் கையைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை. சுகுமாரன் அடுத்த மூன்று ஞாயிறும் ஜாதிக்காய் ஊறுகாய்ப் போத்தலோடு வந்து உட்கார்ந்தான். பிறைக் காமினி அவனுக்கு வணக்கம் சொல்லிவிட்டு, அவனுடைய காடியின் முன்சக்கரத்தில் ஒரு சத்தம் வருகிறது, பேரிங்காக இருக்கலாம் என்று மட்டும் சொன்னாள். பேரிங்தான்.

அதே மாதத்தில் சுவரில் இருந்த படங்கள் மாறத் தொடங்கின. பட்டமளிப்பு விழாவில் காமினி வெயிலுக்கு முறைத்துக்கொண்டு நிற்கும் படம் ஒன்று இருந்தது. ஒரு காலையில் அதில் அவள் சிரித்துக்கொண்டிருந்தாள். பிறகு பள்ளி விளையாட்டுப் போட்டிப் படத்தில் சிரித்தாள். பிறகு காது குத்திய படத்தில், கண்ணில் தண்ணீரோடு, அதிலும் சிரித்தாள். தொழிற்சாலை வாசலில் வருகைக்குக் கட்டைவிரல் வைக்கும் இயந்திரம் பிறைக் காமினியை மூன்று நாளைக்கு ஒரு முறை யாரென்று கேட்டது, பிறகு இரண்டு நாளைக்கு ஒரு முறை. வீட்டில் யாராவது “காமினி” என்று கூப்பிட்டால் அவள் வாயைத் திறப்பதற்குள் அடுப்படியிலிருந்து பதில் போய்விடும். “நீ கெர்ஜா முடிச்சு களைச்சு வந்திருப்ப, போய்ப் படு. அவ பாத்துக்குவா” என்பார் வள்ளியம்மா. அன்பாகத்தான் சொல்வார். காமினி போய்ப் படுப்பாள், தூக்கம்தான் வராது. மாப்பிள்ளை போனால் போகட்டும், அந்த மனிதனிடம் பேச அவளுக்கு பேரிங்கைத் தவிர வேறு விஷயம் கிடைத்ததில்லை. பெற்றவளுக்குத் தான் வேண்டுமா வேண்டாமா என்பதுதான் அவளுக்குத் தெரிய வேண்டியிருந்தது. முப்பத்திரண்டு வயதில் போய் இதை எப்படி வாய்விட்டுக் கேட்பது?

தொழிற்சாலையில் மனிதவளப் பகுதியில் இருந்த நூருல் ஹுதாவிடம்தான் போய்ச் சொன்னாள். ஹுதா இந்தக் குண விஷயத்தைக் கரைத்துக் குடித்தவள். கேண்டீன் தட்டில் மீ கோரிங் ஆறும்வரை எல்லாவற்றையும் கேட்டாள், ஆச்சரியப்படவில்லை.

“தப்பா நெரப்புன பாரம்தானே அக்கா. சரியா நெரப்பி அனுப்புனா பழைய ரிசல்ட் தானா கேன்சல் ஆயிடும். ஆனா உண்மையா நெரப்பணும். நாலு எழுத்தைப் பாக்காதீங்க, உள்ள யாரு யாரு கெர்ஜா செய்றாங்கன்னு பாருங்க.”

“எத்தன பேர் லா இருப்பாங்க?”

ஹுதா விரல் விட்டு எண்ணிக் காட்டினாள். யோசனை, உணர்வு, அனுபவம், ஊகம். ஒவ்வொன்றும் உள்ளே பார்ப்பது ஒன்று, வெளியே பார்ப்பது ஒன்று, ஆக எட்டு. ஒவ்வொரு மனிதரிடமும் அந்த எட்டில் நான்கு பேர்தான் தினமும் வேலைக்கு வருவார்கள், அதுவும் ஒரு வரிசையில். “மொத ஆளு ஷிஃப்ட் லீடர், கூப்பிடாமலே வந்துருவான். ரெண்டாவது ஆளு அவனுக்குக் கை. மூணாவது ஆளு வந்தா வருவான். நாலாவது ஆளு வாரத்துல நாலு நாள் ஒடம்பு சரியில்லேன்னு எம்சி லீவு. அவனை வச்சு வேலை வாங்குனா ஒங்களுக்குத் தலை வலிக்கும். எதைச் செஞ்சா பசி மறக்குது, எதைச் செஞ்சா பனடோல் தேடுறீங்க, ஒரு மாசம் எழுதி வைங்க.”

காமினி ஒரு மாதம் எழுதினாள். அளவுக் கருவி ஒன்று மயிரிழை தப்பாகக் காட்டியபோது அதைப் பிரித்துப் போட்டு உட்கார்ந்தவள், மூன்று மணி நேரம் கழித்துத்தான் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை என்று கண்டாள். உள்ளே பார்க்கும் யோசனை, அதுதான் முதல் ஆள். பாலத்தில் போக்குவரத்து நின்றால் எதனால் நின்றிருக்கும் என்று மனம் தானாக ஏழு காரணம் சொன்னது. வெளியே பார்க்கும் ஊகம் இரண்டாவது. கேண்டீனில் ஒன்பது வருடமாக ஒரே நாற்காலி, ஒரே மீ கோரிங். அது உள்ளே பார்க்கும் அனுபவம், மூன்றாவது. ஓய்வுபெறும் அப்துல் அஜீஸ் அண்ணனுக்கு வாழ்த்து அட்டையில் இரண்டு வரி எழுத ஒரு நாள் முழுக்கப் போனது, இரண்டு பனடோல் போனது. வெளியே பார்க்கும் உணர்வு என்பவன் கடைசியில் நின்றான். நோட்டைப் பார்த்த ஹுதா, ஐ.என்.டி.பி. என்று எழுதி, அதற்குக் கீழே வீட்டுக் காமினியின் வரிசையையும் எழுதினாள். உணர்வு, அனுபவம், ஊகம், யோசனை. இருவரிடமும் இருப்பது அதே நான்கு பேர், வரிசைதான் தலைகீழ். காமினி அந்தத் தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மதியம் பாரத்தை நிரப்பிவிடுவது என்று முடிவு செய்து அடுப்படிக்குத் தண்ணீர் குடிக்கப் போனபோது, வீட்டுக் காமினி மிக்ஸியின் முன் நின்று விசித்து விசித்து அழுதுகொண்டிருந்தாள். சட்னி பாதியில் மிக்ஸி நின்றுவிட்டது, மாலை புஷ்பவள்ளி அத்தை வருகிறார், எங்கே தட்டுவது எங்கே திறப்பது என்று ஒன்றுமே புரியவில்லை, நினைத்தாலே தலை வெடிக்கிறது என்றாள். காமினி அடியில் இருந்த சிவப்புப் பொத்தானை அமுக்கினாள். மிக்ஸி ஓடியது.

“அவ்வளவுதானா?” என்றாள் வீட்டுக் காமினி, கண்ணைத் துடைத்துக்கொண்டு. பிறகு மெதுவாக, “நீ திருப்பி எழுதப் போறேன்னு தெரியும். எழுது. ஒன் வீடு இது. நான் போறதுக்குள்ள சட்னிய மட்டும் முடிச்சிர்றேன்” என்றாள்.

அட, இப்படி ஒருத்தியை என்னவென்று கோபிப்பது? காமினிக்கு அவளை அணைத்துக்கொள்ளத் தோன்றியது. எப்படி அணைப்பது என்று தெரியாததால் மிக்ஸியின் மூடியை அழுத்திப் பிடித்துக்கொண்டாள்.

கூடத்தில் வள்ளியம்மா கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். காமினி எதிரே உட்கார்ந்து போனைத் திறந்தாள். “அந்தக் கேள்வியா? படி” என்றார் வள்ளியம்மா, கீரையிலிருந்து கண்ணெடுக்காமல்.

“நாலு பேர் கூடுற எடத்துல ஒனக்குத் தெம்பு வருமா?” என்று காமினி வாசித்தாள்.

“வராது. கலியாண வீட்டுல கை கழுவுன கையோட காடியில போய் ஒக்காந்துக்குவ. ஏழு வயசுலருந்து அப்படித்தான்.”

காமினி திரையில் தொட வேண்டிய இடத்தைத் தொட்டாள். “சொல்லாம கொள்ளாம ஆள் வந்தா?”

“பாத்ரூம் கொழாய் ஒழுகுதுன்னு சொல்லி உள்ள போயிருவ. கொழாய் நல்லாத்தான் இருக்கும்.”

“முடிவு எடுக்கும்போது மனசைக் கேப்பியா, காரணத்தைக் கேப்பியா?”

வள்ளியம்மாவின் கை நின்றது. “காரணத்தை. ஒங்கப்பா தவறுன அன்னிக்கு, எந்த ரத்தக்கொழாய், எங்க அடைச்சுச்சு, படம் போட்டுக் காட்டுங்கன்னு டாக்டர்கிட்ட நின்ன. பொண்ணுக்கு ஒரு சொட்டுத் தண்ணி வரலயேன்னு சொந்தம் பூரா பேசுச்சு. அந்தப் படத்த இன்னும் பர்ஸுல வச்சிருக்க. நீ அழுவுறது அப்படித்தான்னு எனக்குத் தெரியாதா?”

போன் திரை மங்கிப்போயிற்று. பார்த்தால் மங்கியது திரை இல்லை. வாரத்தில் நான்கு நாள் எம்சி போடுகிற அந்த நாலாவது ஆள் அன்றைக்கு ஞாயிற்றுக்கிழமையிலும் வேலைக்கு வந்திருந்தான்.

“எல்லாம் தெரிஞ்சுக்கிட்டா அன்னிக்கு அப்படி மாத்தி மாத்திச் சொன்ன?”

“அன்னிக்கு அவங்க வீட்டுக்குச் சொன்னேன். பொண்ணு கேக்க வர்றவங்ககிட்ட பின்ன என்னத்தச் சொல்றது, மிக்ஸியக் கழட்டுவான்னா? எனக்குன்னு கேட்டிருந்தா இதத்தான் சொல்லியிருப்பேன். மாத்திப் பேசுனது என் தப்புதான், விடு. அடுத்தத படி.”

எழுபது கேள்வியையும் படித்து முடிக்கும்போது மணி நான்கு. ஒரு பதிலில்கூட வள்ளியம்மா தவறவில்லை. சில இடங்களில் காமினி தயங்கியபோது அவர் தயங்கவில்லை. அனுப்பு என்ற பச்சைப் பொத்தான் மட்டும் மிச்சம் இருந்தது. அடுப்படி வாசலில் ஈரக் கையோடு வீட்டுக் காமினி வந்து நின்றாள், கழுவிய பாத்திரங்களை எல்லாம் துடைத்து அடுக்கிவிட்டு. காமினி அவளைப் பார்த்தாள், அம்மாவைப் பார்த்தாள், போனை அணைத்துக் கவிழ்த்து வைத்தாள்.

“என்னா, அனுப்பலயா?”

“வேணாம்மா. எனக்கு வேண்டியது கெடச்சிருச்சு.”

மறுநாள் கட்டைவிரல் இயந்திரம் அவளை ஒரே தொடலில் ஏற்றுக்கொண்டது. சுவரில் பாதிப் படங்கள் பழையபடி முறைத்தன, மீதி சிரித்தபடியே இருந்துவிட்டன. வீட்டுக் காமினிக்கு ஐசி எடுப்பது என்று தீர்மானமானதும் நல்லமுத்து மாமா தாமதப் பதிவுப் பாரம் ஒன்றை வாங்கிவந்து, பிறந்த இடம் என்ற கட்டத்தில் சாப்பாட்டு மேசை, டத்தோ கிராமாட் என்று உள்ளதை உள்ளபடி எழுதினார். பதிவு அலுவலகச் சன்னலில் இருந்த பெண் அதை வாசித்து, வீட்டு எண் விட்டுப்போயிற்று என்று சொல்லி எழுத வைத்து முத்திரை குத்தினார். புதுப்பெயர் ஒன்று வேண்டியிருந்தது. அவள் தெரு முழுவதையும் நான்கு நாள் கருத்துக் கேட்டு, யார் மனமும் நோகாமல் யாமினி என்று வைத்துக்கொண்டாள். சுகுமாரனுக்கு விஷயத்தை விளக்கிச் சொன்னபோது அவன், காடியில் சத்தம் வந்தால் காட்ட ஒரு மச்சினி இருப்பதும் நல்லதுதான் என்றான்.

ஆவணியில் யாமினிக்கும் சுகுமாரனுக்கும் கலியாணம் நடந்தது. யாமினி வந்தவர்கள் ஐந்நூறு பேரையும் பெயர் சொல்லி விசாரித்தாள். காமினி சாப்பிட்ட கையோடு மண்டபத்துக்கு வெளியே காடியில் போய் உட்கார்ந்து, சன்னலைப் பாதி இறக்கிவைத்திருந்தாள். படியருகே வெற்றிலைத் தட்டோடு நின்ற வள்ளியம்மாவிடம் மாப்பிள்ளை வீட்டுப் பெண்மணி ஒருத்தி, உங்களுக்கு ஒரே பொண்ணுன்னுதானே சொன்னாங்க என்று கேட்டாள்.

“ரெண்டு” என்றார் வள்ளியம்மா. “பெத்தது ஒண்ணு, எழுதுனது ஒண்ணு.”

அந்த அம்மாள் தலையாட்டி வெற்றிலை எடுத்துக்கொண்டாள். “இதுல மூத்தது எது?”

“இது என்ன கேள்வி? பெத்ததுதான் மூத்தது” என்று வள்ளியம்மா காடி இருந்த பக்கம் கையை நீட்டிக் காட்டினார். அந்த அம்மாள் அந்தப் பக்கம் திரும்பிப் பார்த்து, சாயல் அப்படியே உங்களுடையது என்று சொல்லிவிட்டுப் படியேறி உள்ளே போனாள்.